படி இல்லாத வீடு

நேற்று குசினியில் சமையல் பாத்திர அலுமாரியை நகர்த்தியபோது, பின்னாலிருந்து ஒரு தகர டப்பா உருண்டு வந்து என் காலில் இடித்து நின்றது. தரைக்குப் பூசுகிற சிவப்புப் பாலிஷ். மூடி துருப்பிடித்து ஒட்டியிருந்தது. கத்தி முனையால் நெம்பித் திறந்தேன். உள்ளே மெழுகு காய்ந்து வெடித்துக் கிடந்தது. மணம் மட்டும் குறையவில்லை. மண்ணெண்ணெய் வாசமும் மெழுகு வாசமும் சேர்ந்து மூக்கில் ஏறியதும், டப்பாவைக் கையில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மகன் வீட்டுக்கு டைல் போடுகிறான். அதற்காகத்தான் சாமான்களை ஒதுக்கிக்கொண்டிருந்தோம். டைல் ஒட்ட வந்திருக்கும் பாஸ் இளம் பிள்ளை. எங்கள் ஊரில் மேசனையும் தச்சனையும் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். அவர் தரையைக் குனிந்து பார்த்துவிட்டு, "ஐயா, இது என்னா, மூனு வாசல்லயும் மட்டும் செவப்பு கருத்துப் போயிருக்கு? நடுவுல கோடு வேற இழுத்திருக்கு?" என்று கேட்டார்.

"அது ஒன்னுமில்லங்க" என்றேன்.

ஒன்றுமில்லாமல் இல்லை. நேரில் ஆள் நின்று கேட்டால் எனக்கு வாய் வராது. அதனால் அவரிடம் சொல்லாததை உங்களிடம் எழுதிச் சொல்கிறேன்.

இந்த வீடு ஹந்தானைக்கு ஏறும் பாதையில், சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஏழு பேர்ச் அளவுச் சின்னக் காணியில் இருக்கிறது. சுவர் எழுப்பிக் கூரை போடும்வரை பாஸ்மார் வேலை செய்தார்கள். உள்வேலையை நானே செய்தேன். கண்டி மார்க்கெட் பக்கத்தில் ஒரு இரும்புச் சாமான் கடையில் ஆணி நிறுத்துப் போடுவதுதான் என் தொழில். கடைக்கு வருகிற பாஸ்மார் மணலுக்கு எவ்வளவு சீமெந்து, எப்போது தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று பேசிக்கொள்வதைக் கேட்டுக் கேட்டே நானும் பாதி பாஸ் ஆகிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். இரண்டு வருஷம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல், உள்சுவருக்குப் பூச்சுப் பூசினேன்.

பூசிய அழகைப் பிறகு தரை போட வந்த நிஸார் நானா ஒரு பார்வையில் சொல்லிவிட்டார். சுவரில் உள்ளங்கையை வைத்து நீளத்துக்குத் தடவிப் பார்த்து, "தம்பி, இந்தச் செவருல கப்பல் உடலாம். நல்லா அல ஈக்கி" என்றார்.

சுவரில் அலை இருந்தால் ஒரு கலண்டரை மாட்டி மறைக்கலாம். தரை அப்படியல்ல. அதுவும் சிவப்புச் சீமெந்துத் தரை, ஒரே கையால் ஒரே நாளில் இழுத்து முடிக்க வேண்டிய வேலை. அதற்காகத்தான் நிஸார் நானாவைக் கூப்பிட்டேன். முஸ்லிம் பாஸ்மாரில் தரை வேலைக்கு அவர் பெயர் போனவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதனால் நானா, அதாவது அண்ணன். வேலை செய்யும்போது பேசமாட்டார். பேசினால் மற்றவர் பேச இடம் இருக்காது. அவர் பேச்சில் 'இருக்கு' என்பது 'ஈக்கி' ஆகும், 'சொல்லு' என்பது 'செல்லு' ஆகும்.

அந்தத் தரையில் என் மனைவி பாக்கியத்தின் கால் சம்பந்தப்பட்டிருந்தது. அதைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது.

நாங்கள் அதுவரை இருந்தது தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிய ஒற்றை அறைகளில். லயத்து அறைகளின் வாசலில் ஒரு கல்படி இருக்கும். எத்தனையோ பேர் மிதித்து நடுவில் குழிந்து, மழை பெய்தால் பாசி வழுக்கும். பாக்கியம் தண்ணீர் வாளியோடு அதில் தடுக்கி விழுந்து இடது தொடை எலும்பு முறிந்தது. தகடு வைத்துத் தைத்தார்கள். அதன் பிறகு அந்தக் கால் மேலே தூக்க வராது. தரையோடு இழுத்துத்தான் நடப்பாள். இன்னொரு முறை விழுந்தால் நடையை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். விழுந்ததிலிருந்து மேல் லயத்தில் தன் தங்கை வீட்டில் இருந்தாள். அங்கேயும் வாசலில் படி. வெளியே போக வேண்டுமென்றால் இரண்டு பேர் பிடிக்க வேண்டும். அவர்கள் கொழுந்து பறிக்கப் போய்விட்டால் கட்டிலிலேயே இருப்பாள்.

நான் அத்திவாரம் வெட்டிய அன்று அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"என்னாங்க, வீடு எம்புட்டுச் சின்னதா இருந்தாலும் பரவால்ல. படி மட்டும் வேணாம். நானே எந்திரிச்சு, நானே நடந்து குசினிக்குப் போகணும்."

சரி என்றேன். பாதையிலிருந்து வாசலுக்குப் படிக்குப் பதிலாகச் சரிவாகக் கொங்கிறீட் போட்டேன். வீட்டுக்குள் எல்லா அறையும் ஒரே மட்டம். இதை நிஸார் நானாவிடம் சொன்னேனா என்றால், சொன்னேன். அவர் சவளால் கலவையைப் புரட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்று, "வீட்டுக்காரிக்குக் கால் கொஞ்சம் சரியில்லங்க நானா" என்றேன். சவள் சத்தத்தில் எனக்கே என் குரல் கேட்கவில்லை. அவர் நிமிரவில்லை. சொல்லியாகிவிட்டது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அன்று வெள்ளிக்கிழமை. அடுத்த வியாழக்கிழமை பால் காய்ச்ச நேரம் குறித்தாகிவிட்டது. சனிக்கிழமையிலிருந்து நானாவுக்குப் பல்லேகலையில் வேறு வேலை. ஆகவே தரை அன்றைக்கே முடிய வேண்டும். நான் கடைக்கு லீவு சொல்லிவிட்டு அவருக்குக் கையாளாக நின்றேன். எட்டு மணி போல, "தம்பி, கலர் காணாது. இன்னும் ரெண்டு பெக்கட் எடுத்துக்கொண்டு வாங்க" என்று என்னை டவுனுக்கு அனுப்பினார். சிவப்புப் பொடி வாங்கிக்கொண்டு திரும்பி வர பஸ் இல்லை. மேட்டில் நடந்தே ஏறி, வியர்த்து ஒழுக, பதினொன்றரைக்கு வந்து சேர்ந்தேன்.

தரை முழுக்கச் சாந்து இழுத்து, பலகை தேய்த்து, ஈரமாக மினுங்கியது. வாசல்களைப் பார்த்தேன். முன்வாசலில் ஒன்று, சாமி அறை வாசலில் ஒன்று, குசினி வாசலில் ஒன்று. நாலு விரல் உயரத்துக்குச் செங்கல் பதித்து, ஓரம் உருட்டி, மூன்று படிகள்.

நானா கையைக் கழுவிக்கொண்டே சிரித்தார்.

"செல்லாமலே செஞ்சிட்டன். எப்படி ஈக்கி? உங்கட ஆக்கள் வெள்ளிக்கிழமெ வாசப்படிக்கு மஞ்சப் பூசி குங்குமம் வெக்கிறது தானே? முந்தி ஒரு வீட்டுல படி இல்லாம தரைய இழுத்துட்டன். அந்த அம்மா, 'லெச்சுமி எங்க நிப்பா'ன்டு கேட்டு எனக்கு ஏசின ஏச்சு இன்னம் காதுல ஈக்கி. அதான் இந்தத் தரம் நீங்க கேக்க முந்தியே வெச்சிட்டன். தங்கச்சி வந்து பாத்தா சந்தோசப்படுவா." தங்கச்சி என்றது பாக்கியத்தை.

என் வாய் என்ன சொன்னது தெரியுமா?

"சரிங்க நானா. நல்லா இருக்குங்க."

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை படித்ததில் நான் திறமாகப் படித்த சொல் அந்தச் 'சரிங்க' ஒன்றுதான். கங்காணிக்கும் அதுதான், முதலாளிக்கும் அதுதான். யோசனை வருவதற்கு முன்பே அது வந்துவிடும். அவர் தப்பாகச் செய்திருந்தால்கூடச் சொல்லியிருப்பேனோ என்னவோ. வேறு சமயத்துக்காரர் நம் வழக்கத்தை நினைவில் வைத்து, ஆசையாகச் செய்து கொடுத்ததை எப்படி வேண்டாம் என்பது?

அவர் ஜும்ஆத் தொழுகைக்குப் புறப்பட்டார். மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டே சொன்னார்: "ஒன்டரைக்கு வந்துடுவன். வந்து கலர் போட்டா வேல முடிஞ்சி. அதுக்குள்ள ஒருத்தரும் கால் வெக்க வாணாம். காக்கா, நாய் ஒன்டையும் உட வாணாம்."

சிவப்புப் பூசிவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. இறுகிய பிறகு படியை உளியால் கொத்தினால் சுற்றித் தரை முழுக்க வெடித்துப் போகும். கடையில் எத்தனை பேர் அப்படிக் கொத்திவிட்டு வந்து புலம்பியிருக்கிறார்கள்.

முன்வாசலுக்கு வெளியே ஒரு சீமெந்துப் பையை விரித்து உட்கார்ந்தேன். கைக்கெட்டிய தூரத்தில் முதல் படி. ஓரத்தில் விரலை வைத்து அழுத்தினேன். நகம்வரை உள்ளே போனது. நேரம் இருக்கிறது என்று நினைத்தேன்.

பேசப் பழகிப் பார்த்தேன். "நானா, ஒரு விசயம்." அது மிகவும் பெரிதாக இருந்தது. "நானா, குறை நெனைக்காதீங்க." அதைக் கேட்டாலே குறை நினைப்பார். போனில் கூப்பிடலாம், பள்ளிவாசலுக்குள் போனை நிறுத்தி வைத்திருப்பார். நிறுத்தி வைத்திருப்பார் என்று நினைத்ததும் எனக்கு ஒரு நிம்மதி வந்ததே, அந்த வெட்கக்கேட்டை எங்கே போய்ச் சொல்ல.

நானே கல்லைப் பிடுங்கிவிட்டால் என்ன? கரண்டியை எடுத்தேன். முன்படியின் ஓரத்தில் அவர் விரலால் வழித்து உருட்டியிருந்த தடம் தெரிந்தது. குழந்தைக்குத் தலை வாரிவிட்டதுபோல் அவ்வளவு ஒழுங்கு. கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

வெயில் ஜன்னல் வழியாகத் தரையில் இறங்கியது. விரல் வைத்தேன். பாதி நகம்தான் போனது. ஒன்றரை ஆயிற்று. நானா வரவில்லை. மறுபடி வைத்தேன். இப்போது ரேகை மட்டும் பதிந்தது. பாதைக்கு ஏறிப் பார்த்தேன். முச்சக்கர வண்டிகள்தான் போயின. மேலே மலையில் லயத்துக் கூரைகள் தெரிந்தன. அதில் ஒன்றின் கீழே அவள் கட்டிலில் உட்கார்ந்து வியாழக்கிழமைக்கு நாள் எண்ணிக்கொண்டிருப்பாள். வந்து முன்வாசலில் நின்று குனிந்து பார்ப்பாள். ஒன்றும் சொல்லமாட்டாள். அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது. அவள் ஏசினால்கூடப் பரவாயில்லை.

இரண்டு மணிக்கு மேல்தான் நானா வந்தார். தொழுகைக்குப் பின் ஒரு ஜனாஸா, மையத்து அடக்கம், இருந்ததாம். "நேரம் போயிட்டு தம்பி, கலரக் குழைங்க, கலரக் குழைங்க" என்று சட்டையைக் கழற்றியபடியே ஓடி வந்தார்.

"நானா" என்றேன்.

"செல்லுங்க."

வரவில்லை. அவர் பொடி வாளியைக் கையில் எடுத்துவிட்டார். அப்போது நான் செய்ததை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. செருப்பைக் கழற்றினேன். பாக்கியம் எப்படி நடப்பாளோ அப்படி, வலது காலை ஊன்றி, இடது காலைத் தரையோடு இழுத்துக்கொண்டு, முன்வாசலுக்குப் போனேன். இழுத்த கால் படியில் தட்டியது. கல் அசைந்தது. நான் முன்னால் சரிந்து, இரண்டு கையையும் புதுத் தரையில் ஊன்றி விழுந்தேன்.

"யா அல்லாஹ்! என்த வேல செய்றீங்க? பைத்தியமா உங்களுக்கு?"

நான் எழுந்தேன். சாந்தில் கோடு கிழித்துக்கொண்டே காலை இழுத்துக் குசினிப் பக்கம் நடந்தேன். அந்தப் படியிலும் தட்டினேன். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

திரும்பிப் பார்த்தேன். வாளியைக் கீழே வைத்துவிட்டு என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சியா இப்பிடி நடக்கிற?"

தலையை ஆட்டினேன்.

"அட மனிசா, காலையிலயே செல்லீக்கலாமே?"

"நீங்க ஆசையாச் செஞ்சது நானா..."

"நான் ஆசையாச் செஞ்சதுக்குத் தங்கச்சி உழோணுமா? வாய் எதுக்கு ஈக்கி உங்களுக்கு, வெத்தில போடவா?"

சாரத்தை மடித்துக் கட்டினார். முன்வாசலில் குந்தி, முதல் கல்லை அவரே பிடுங்கினார். பாதி இறுகியிருந்த சாந்து கல்லோடு பெயர்ந்து வந்தது. மூன்று வாசலையும் பிடுங்கி, புதுச் சாந்து குழைத்து நிரப்பி, என் கைத்தடத்தையும் கால்தடத்தையும் தேய்த்து அழித்தார். ஏசிக்கொண்டேதான் செய்தார். "ஊமைக்கு வேல செஞ்சாலும் கையக் காட்டிச் செல்லுவான்" என்றார். அந்த ஏச்சைக் கேட்கக் கேட்க எனக்கு மூச்சு சீராக வந்தது.

பழைய சாந்தும் புதுச் சாந்தும் ஒரே மாதிரி நிறம் குடிக்கவில்லை. மூன்று வாசலிலும் சிவப்பு கருத்துப் பட்டையாக நின்றது. நானா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கரண்டியின் முனையால், மட்டப் பலகையை வைத்து, ஒவ்வொரு பட்டையின் நடுவிலும் ஒரு மெல்லிய கோடு இழுத்தார்.

"படி இல்லாட்டிப் போகட்டும். கோடு ஈக்கட்டும். மஞ்சள இதுல வெக்கச் செல்லுங்க."

வியாழக்கிழமை பாக்கியம் பால் பானையைத் தானே தூக்கிக்கொண்டு, ஒருவர் கையையும் பிடிக்காமல், முன்வாசலிலிருந்து குசினிவரை நடந்தாள். கால் இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது. எங்கேயும் நிற்கவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தரையில் உட்கார்ந்து மூன்று கோட்டுக்கும் மஞ்சள் தடவுவாள். தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நான் பாலிஷ் பூசித் தேய்ப்பேன். அவள் கால் இழுபட்டு இழுபட்டு, குசினிக்குப் போகும் வழி மட்டும் பாலிஷ் நில்லாமல் வெளுத்தே இருக்கும். அதைப் பூசி மறைக்க நான் முயன்றதில்லை.

போன வருஷம் போய்விட்டாள். சீனி வியாதி. விழுந்து அல்ல. அதைச் சொல்லிவிட வேண்டும். நிஸார் நானாவும் அதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

இன்று காலை டைல் பாஸ் கையில் ஒரு கறுப்புக் கல் துண்டோடு வந்தார். "ஐயா, வாசலுக்கு வாசல் இப்பிடி ஒரு படி மாதிரி வெச்சா வடிவா இருக்கும். தண்ணியும் உள்ள வராது. வெக்கவா?"

"வேணாம்" என்றேன்.

அவ்வளவு சத்தமாக அது வரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. மகன் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"ஏன்ப்பா? அம்மாதான் இப்ப இல்லியே."

"வேணாம்னா வேணாம்."

பாஸ் தோளைக் குலுக்கிவிட்டுப் பசையைக் குழைக்கப் போனார். முன்வாசலில்தான் தொடங்கினார். பல்லுப் பலகையால் பசையை இழுத்துக்கொண்டு வரும்போது நான் பக்கத்தில் நின்றேன். கோட்டுக்குள் மஞ்சள் இன்னும் கொஞ்சம் இருந்தது.