துவைக்காத சட்டை

வேலை முடிந்து நான் ஏறும் பேருந்தில் என் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். கூட்டம் இருந்தாலும் அப்படித்தான். இந்த ஊர்க்காரர்கள் மூக்கைப் பொத்த மாட்டார்கள், முகம் சுளிக்க மாட்டார்கள். ஏதோ ஞாபகம் வந்ததுபோல எழுந்து இரண்டு வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்வார்கள். அவ்வளவு மரியாதை. ஒருநாள் மட்டும் ஒரு கிழவர் வேண்டுமென்றே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மூச்சை நன்றாக இழுத்துவிட்டு, "நல்ல சரக்காக இருக்கிறதே, எங்கே வாங்கினாய்?" என்று கேட்டார். நான் புகைப்பதில்லை என்றேன். அவர் சிரித்துக்கொண்டே என் தொடையில் தட்டி, "நாங்களும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்" என்றார். நான் பீடிகூடப் பிடித்ததில்லை. என் மேல் அடிப்பது கஞ்சா வாசம், அதை வளர்ப்பது என் வேலை.

ஊரிலிருந்து இதை வாசிப்பவர்கள் பதற வேண்டாம். கனடாவில் இது அரசாங்கம் உரிமம் கொடுத்து நடக்கிற தொழில். கடைவீதியில் கண்ணாடிக் கதவு போட்ட கடைகளில் வயதைச் சரிபார்த்துவிட்டு விற்கிறார்கள். நான் இதற்காக வரவும் இல்லை. ஒன்டாரியோவின் தென்கோடியில், ஏரியை ஒட்டிய இந்தச் சின்ன ஊருக்குத் தக்காளி பறிக்க என்று சொல்லித்தான் வந்தேன். முதல் வருடம் தக்காளிதான் பறித்தேன். பிறகு கம்பெனி கைமாறியது. புது முதலாளி பொதி கட்டும் கொட்டகையை அறை அறையாகத் தடுத்து, ஜன்னல்களை அடைத்து, கூரை முழுக்க விளக்கு மாட்டினார். என் வேலை அனுமதி இந்த ஒரு கம்பெனிக்கு மட்டுமே செல்லும். பிடிக்கவில்லை என்றால் விமானம் ஏற வேண்டியதுதான். அதனால் அறைக்குள் போனேன். பேரையூரில் இருக்கும் அம்மா மட்டும் இன்னும் போனில், "தக்காளி எல்லாம் நல்லாக் காய்க்குதாய்யா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். நானும் காய்க்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அறைக்குள் நடக்கும் வேலை இதுதான். தொட்டிகளுக்கு மேலே முழங்கால் உயரத்தில் நைலான் வலையை விறைப்பாக இழுத்துக் கட்டியிருப்பார்கள். உள்ளங்கை நுழையும் அளவு கட்டங்கள். செடி வளர்ந்து கொழுந்து வலைக்கு வெளியே தலை நீட்டியதும், அதை மெல்ல வளைத்து, மறுபடி வலைக்கு அடியில் செருகி, பக்கத்துக் கட்டத்துக்குத் தள்ளிவிட வேண்டும். நாளை அது அங்கே எட்டிப் பார்க்கும், மறுபடி தள்ள வேண்டும். வெயிலுக்குப் பழகிய நமக்கு இது சட்டென்று விளங்காது. சூரியன் நகரும், ஒரு பக்கம் விடுபட்டாலும் மறுபக்கம் சாய்ந்து அடிக்கும். விளக்கு நகராது. எந்தக் கொழுந்து உயர்ந்துவிட்டதோ அதுவே வெளிச்சத்தை எல்லாம் வாங்கிக்கொள்ளும், மற்றவை சோகை பிடித்து நிற்கும். அதனால் உயர்ந்ததைத் தாழ்த்தி, வலை முழுக்க ஒரே மட்டமாகப் பரப்பிவிட்டு, பிறகுதான் விளக்கு நேரத்தைக் குறைத்துப் பூக்க விடுவார்கள். விற்பது அந்தப் பூவைத்தான். கொழுந்தை அவசரப்பட்டு வளைத்தால் நார் முறியும் சத்தம் கேட்கும். முறிந்த இடத்தில் டேப் சுற்றிவிட்டால் பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும்.

முதல் வாரம் நான் செய்த தவறு டேவுக்கு இன்றும் வேடிக்கை. டேவ் என் மேற்பார்வையாளர், சிவந்த தாடிக்காரர், நல்ல மனிதர். வலைக்குக் கீழே கிளைத்தவற்றை எல்லாம் நான் பத்திரமாக விட்டுவைத்திருந்தேன். அவர் கத்தரியோடு வந்து கீழே இருந்த அத்தனையையும் வழித்தெடுத்துவிட்டார். "வெளிச்சம் படாதது தண்டச்சோறு" என்கிற அர்த்தத்தில் ஏதோ சொன்னார். எங்கள் ஊரில் கீழே தொங்குவதைத்தான் விற்போம் என்றேன். அவருக்குப் புரியவில்லை. பேரையூருக்கு வெளியே கிணற்றுப் பாசனத்தில் எங்களுக்குப் புடலைப் பந்தல் இருந்தது. கொடி மேலே படரும், காய் அடியில் தொங்கும். காய் சுருளாமல் நீள்வதற்கு நுனியில் கல்லைக் கட்டிவிட வேண்டும். அது என் தம்பி சரவணனின் வேலை. அந்தப் பந்தல் எனக்குப் பிடித்ததே இல்லை. நாள் முழுக்கக் குனிந்தே நடந்து முதுகு ஒடியும், மருந்து கண்ணில் சொட்டும். ஆனால் தம்பி அதற்குள் பாட்டுப் பாடிக்கொண்டே போவான். ஆள் என்னைவிட உயரம், என்னைவிடக் கெட்டிக்காரன், எந்தக் கூட்டத்திலும் அவன் தலை தனியாகத் தெரியும்.

தண்ணீர் வற்றிப் பந்தலைப் பிரித்த பிறகு அவன் மதுரைக்குப் போய் அவனியாபுரத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் சேர்ந்தான். ஏர்போர்ட்டுக்குப் போகும் சாலையை ஒட்டிய சந்தில் நாலு பேரோடு ஒரு அறை. அங்கேதான் கஞ்சாப் பொட்டலம் பழக்கமானது. ஊருக்கு வரும்போது நல்ல பிள்ளையாக வந்து போவான், எங்களுக்கு எதுவும் தெரியவில்லை. ஒரு பொங்கலுக்குப் பிறகு பட்டறைக்காரர் போன் செய்தார். "தம்பி, உங்க ஆளு வேலைக்கு வந்து மூணு நாளாச்சு. ரோட்டுல நின்னுக்கிட்டு போற பிளேனப் பாத்துப் பேசிக்கிட்டிருக்கான். வந்து கூட்டிட்டுப் போயிருங்க." போய்ப் பார்த்தபோது அவனுக்கு என்னை அடையாளம் தெரிந்தது, ஆனால் என் வாய் வழியாக வேறு யாரோ பேசுவதாகச் சொன்னான். பெரியாஸ்பத்திரி டாக்டர், உள்ளே பதுங்கியிருந்த நோயை இந்தப் புகை கிளப்பிவிட்டது, மாத்திரையை நிறுத்தக்கூடாது, அந்தப் பக்கமே இவன் போகக்கூடாது என்றார். கொஞ்சம் கொஞ்சமாகப் பிதற்றல் நின்றது. அதோடு பேச்சும் நின்றுவிட்டது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பான். ஊட்டினால் ரெண்டு வாய், அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டான். தூங்க மாட்டான். அவன் தூங்காததால் அம்மாவும் தூங்கவில்லை. அவன் வைத்தியத்துக்காகத்தான் நான் கடல் கடந்தேன்.

ஒருநாள் வலையில் கை வைத்துக்கொண்டிருந்தபோது டேவ் கேட்டார்: "உங்கள் நாட்டில் இது காட்டிலேயே முளைக்குமாமே. உங்கள் வீட்டில் யாருக்காவது பழக்கம் உண்டா?" என் தம்பிக்கு என்றேன். "அதிர்ஷ்டக்காரன். அண்ணன் என்ன வேலை பார்க்கிறான் என்று தெரிந்தால் பொறாமைப்படப் போகிறான்" என்றார். நான் சிரித்து வைத்தேன். என்னைப்போல் வந்தவர்களுக்குத் தெரியும், சொல்ல வார்த்தை இல்லாத இடத்தில் நாம் சிரித்துத்தான் வைக்கிறோம். அன்று கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன்.

இரண்டு வருடம் கழித்து ஊருக்குப் போக விடுப்புக் கிடைத்தது. கம்பெனி கொடுக்கும் மேலுடை கம்பெனியிலேயே தங்கிவிடும், ஆனால் உள்ளே போடும் டீ சர்ட், தலைமயிர் எல்லாம் வாசம் பிடித்துக்கொள்ளும். வினிகர் ஊற்றித் துணிகளை இரண்டு முறை துவைத்தேன். மதுரை ஏர்போர்ட்டில் நாயைக் கொண்டுவந்து மோப்பம் பிடிப்பார்களோ என்று வரிசையில் கடைசியாகப் போய் நின்றேன். யாரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிளம்பும் அவசரத்தில் மேப்பிள் பாகு பாட்டில் உடையாமல் இருக்கக் கையில் கிடைத்த ஒரு நீல டீ சர்ட்டில் சுற்றி வைத்ததை மறந்தே போனேன். அது வேலைக்குப் போட்டுப்போட்டு வெளுத்துப்போனது, கடைசி நாள் போட்ட பிறகு துவைக்காதது.

வீட்டில் அம்மா பெட்டியைப் பிரித்து ஒவ்வொன்றாக வெளியே வைத்தாள். சரவணன் சுவரோரம் இருந்தான். நான் வந்ததற்கு அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பாட்டிலைச் சுற்றிய சட்டையை அம்மா உருவிப் போட்டதும் அவன் தலை நிமிர்ந்தது. எழுந்து வந்தான். அந்தச் சட்டையை எடுத்து முகத்தோடு சேர்த்து அமுக்கிக்கொண்டு கண்ணை மூடினான். தோள் இரண்டும் தளர்ந்து இறங்கின. அப்படியே தரையில் படுத்துவிட்டான்.

அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். "பாருய்யா பெரியவனே, எம்புட்டுப் பாசம் இவனுக்கு. யாரு பக்கத்துலயும் போகாதவன் உன் சட்டையக் கட்டிக்கிட்டுப் படுத்திருக்கான்."

எனக்கு அது என்ன வாசம் என்று தெரிந்தது. அவள் அந்த வாசத்தை அறிந்ததே இல்லை. அவன் புகைத்ததெல்லாம் அவனியாபுரத்தில், அவள் கைக்கு வந்து சேர்ந்தபோது அவன் மேல் அடித்தது ஆஸ்பத்திரி வாசம்தான். அன்று அவன் தூங்கினான். விடிந்ததும் தயிர்சோறு ஒரு கிண்ணம் முழுக்கச் சாப்பிட்டான். சட்டையை வாங்கித் துவைத்துவிடலாம் என்று போனேன். அவன் விடவில்லை. அம்மா என்னைத்தான் ஏசினாள். "அண்ணன் வாசத்தப் பிடிச்சுக்கிட்டுக் கெடக்கான், அதப் போயித் துவைக்கிறேங்கிற? உனக்கு என்ன கல்நெஞ்சாய்யா?" என்ன சொல்வது? தக்காளி இல்லை அம்மா, அவனைக் கெடுத்த செடியைத்தான் நான் வளர்க்கிறேன், அவன் கட்டிக்கொண்டிருப்பது என்னை இல்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் அவள் கையில் இருக்கிற ஒரே நல்ல காரியத்தையும் பிடுங்கிவிடுவேன். சொல்லாமலே விமானம் ஏறினேன்.

திரும்பி வந்த சில வாரங்களில் அம்மா பதறிப்போய்ப் போன் செய்தாள். காலையில் சின்னவனைக் காணோம், சட்டையையும் காணோம். பழைய பட்டறைக்காரர்தான் அவனைப் பார்த்துவிட்டுத் தகவல் சொல்லியிருக்கிறார். பேரையூரில் பஸ் ஏறி அவனியாபுரம் வரைக்கும் போயிருக்கிறான். வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு மறுபடி அழைத்தாள். "ஏர்போர்ட்டுக்குப் போற ரோட்டுல நின்னானாம்ப்பா. உன்னத் தேடித்தான் போயிருக்கான். நீ அது வழியாத்தான போன?"

அந்தச் சந்தும் அதே சாலையில்தான் இருக்கிறது. ஏர்போர்ட்டுக்குப் போகிறவனும் பொட்டலம் தேடிப் போகிறவனும் ஒரே நிறுத்தத்தில்தான் இறங்க வேண்டும். அவன் எதைத் தேடிப் போனான் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். ஆனால் அம்மா சொல்வதும் உண்மையாக இருந்துவிட்டால்? புடலைப் பந்தலுக்குள் என் பின்னால் பாடிக்கொண்டு வந்தவன்தானே. ஒரு ஓரத்தில் கொஞ்சமாவது என்னை நினைத்திருக்க மாட்டானா? அந்த ஆசை என்னைப் படுத்தி எடுத்தது. அவனுக்கோ சட்டையில் வாசம் குறையக் குறையத் தூக்கமும் குறைந்தது. "முந்துன சட்டையில வாசம் போயிருச்சுய்யா. யாராச்சும் வந்தா இன்னொரு சட்டை குடுத்துவிடு. துவைச்சிராத" என்றாள் அம்மா.

மேலூர்க்காரர் ஜோசப் அண்ணன் இங்கே ஒரு உணவகத்தில் சமைக்கிறார். அவர் ஊருக்குப் புறப்பட இருந்தார். என் அறையில் இருக்கும் துணி, தலையணை எல்லாமே வாசம் பிடித்தவை. அதனால் ஒரு வெள்ளைப் பருத்திச் சட்டை புதிதாக வாங்கி அவருடைய அறையில் வைத்தேன். விடுமுறை நாட்களில் அங்கே போய்த் தலை முழுகிவிட்டு அதைப் போட்டுக்கொண்டேன். அதற்கு மேல் அவருடைய ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, வேர்க்கட்டும் என்று தேவாலய வாசலில் பனியை வாரித் தள்ளினேன். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஆறப்போட்டு மறுபடி அதையே போட்டேன். கழுத்துப்பட்டை மஞ்சள் பூத்த பிறகு ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டினேன். அதில் நான் மட்டும்தான் இருந்தேன்.

ஜோசப் அண்ணன் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மாப்ள, வேர்வை நாத்தம் குமட்டுது. இதையா அம்மாவுக்குக் குடுத்துவிடுற?"

"தம்பிக்குண்ணே."

அவர் பையை வாங்கித் தன் பெட்டிக்குள் வைத்தார். "சரி மாப்ள, பேரையூருக்கே போயிக் குடுத்துட்டு வாரேன்" என்றார்.

அவர் கொடுத்துவிட்டுப் போன அன்றே அம்மா அழைத்தாள். சட்டை வந்துவிட்டது என்றாள்.

"மோந்து பாத்தான்யா. பெறகு கீழ போட்டுட்டான்."

"ஏதும் சொன்னானாம்மா?"

"சொன்னான். இம்புட்டு நாளா வாயத் தொறக்காதவன் இன்னைக்குத் தொறந்து சொல்றான், 'இது அண்ணன் சட்டை இல்ல'ன்னு. மாத்திக் குடுத்துவிட்டியாய்யா? இது கொண்டாந்து குடுத்த தம்பி சட்டையா?"

தம்பி பேசிவிட்டான் என்று சந்தோஷப்பட வேண்டிய நேரம். "ஆமாம்மா, மாறிப் போச்சு" என்றேன்.

"அதான பாத்தேன். நம்ம சின்னவனா ஏமாறுவான்? நீ உன்னத அடுத்து வாரவுககிட்டக் குடுத்துவிடு. இதத் துவைச்சுக் கொடியில போட்டிருக்கேன், அந்தத் தம்பி ஊருக்குப் போகும்போது எடுத்துட்டுப் போகட்டும்."

நான் எதையும் கொடுத்துவிடவில்லை. அவன் தூங்குகிறானா என்று போனில் கேட்கவும் பயமாக இருக்கிறது. ஜோசப் அண்ணன் திரும்பி வந்தபோது அந்தச் சட்டையைக் கொண்டுவந்தார். அம்மா சோப்புப் போட்டுத் துவைத்து, இஸ்திரி போட்டு, செய்தித்தாளில் மடித்துக் கொடுத்திருந்தாள். உங்க சட்டை மாறி வந்துருச்சு தம்பி என்று அவரிடமே சொன்னாளாம், அவரும் ஆமாம் என்று வாங்கிக்கொண்டாராம். மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். அன்று ஒரு அறையில் வலை நிரம்பும் தறுவாயில் இருந்தது. நிமிர்ந்த கொழுந்துகளை எல்லாம் வளைத்து வளைத்துச் செருகிக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் பேருந்தில் ஒரு பெண் என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு, ஏதோ ஞாபகம் வந்ததுபோல எழுந்து பின்னால் போனாள். குனிந்து என் கழுத்துப்பட்டையை மோந்து பார்த்தேன். இப்போது தம்பியிடம் கொடுத்தால், இது அண்ணன் சட்டைதான் என்று சொல்வான்.