மூட்டை தொடாத இடம்

சத்தியநேசன் மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. பல வருஷமாக உண்டு. அந்த மனுஷனுக்குக் கட்டிய பெண்டாட்டி இருந்தாள், மங்களூரில் நர்ஸுக்குப் படிக்கிற மகள் இருந்தாள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கும்பிடுகிற கர்த்தர் இருந்தார். அத்தனை பேரையும் விட்டுவிட்டு, ஐந்தாம் கிளாஸ் தாண்டாத என்னைப் பிடித்தார். காலையில் எழுந்ததும் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டி, இன்றைக்கு உயிருக்கு ஆபத்து உண்டா இல்லையா என்று என்னைச் சொல்ல வைத்தார். நான் வத்தல் மூட்டை சுமக்கிறவன். எனக்கு எதற்கு இந்த வேலை? இன்றைக்கும் எவனாவது குழாயடியில் சட்டையைக் கழற்றினால் என் கண் அவன் தோலுக்குத்தான் போகிறது. என் கண்ணை அப்படிக் கெடுத்துவிட்டார்.

மலையாளம் பேசுகிற பட்டணத்தில், சாலைக் கடைத்தெருவில் ஆறுமுகநயினார் அண்ணாச்சியின் வத்தல் கிட்டங்கியில் எங்களுக்கு வேலை. லாரியில் வருகிற மிளகாய் வத்தல் மூட்டைகளை இறக்கி உள்ளே அடுக்க வேண்டும். நான் திருநெல்வேலிப் பக்கம். அவர் களியக்காவிளையை ஒட்டிய ஊர். சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போவார், திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் திரும்பிவிடுவார். மற்ற நாளெல்லாம் கிட்டங்கி மாடியில் அவரும் நானும் ஒரே அறை.

என்னைவிட மூத்தவர், கழுத்து தடித்த ஆள். மூட்டை தலையில் ஏறியதும் வாய்க்குள்ளேயே ஒரு ஞானப்பாட்டை முனக ஆரம்பிப்பார். பாட்டு நின்றால் மூட்டை கனம் என்று அர்த்தம். குடி கிடையாது, பீடி கிடையாது. பெண்டாட்டி ராகேல் வைக்கிற மத்திக் கறியும் மரச்சீனியும்தான் அவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம்.

அவருக்கு வலது கால் பெருவிரல் வீங்கியது. சாதாரண வீக்கம் இல்லை. விரல் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்து மினுமினுத்தது. போர்வை பட்டால் அலறுவார். ஃபேன் காற்று பட்டாலும் வலிக்கிறது என்று ஃபேனை நிறுத்திவிடுவார், நான் வேர்வையில் கிடப்பேன். சாலைத் தெருவில் நடப்பது அவருக்குப் பெரிய பயம். அந்தக் கூட்டத்தில் யாராவது மிதித்துவிடுவார்களோ என்று, காற்றில் அணையாமல் விளக்கைக் கொண்டுபோகிறவர் மாதிரி இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு நடப்பார்.

கூட வேலை பார்க்கிற பிஜி விடுவானா?

"அண்ணன் குடிக்கமாட்டாரு கேட்டோ. காலு மட்டும் தனியா போய் பிராந்தி அடிச்சிட்டு வந்திருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். பணக்காரனுக்கும் குடிகாரனுக்கும் வருகிற நோய் என்று யாரோ சொல்லிவைத்திருந்தார்கள். இரண்டுமாக இல்லாத மனுஷன் அதை யாரிடம் போய்ச் சொல்லுவார்? மெடிக்கலில் வலி மாத்திரை கேட்டு வாங்கி விழுங்கினார். வீக்கம் வடியும், மறுபடி வரும், மறுபடி விழுங்குவார். அப்படியே வருஷங்கள் போயின.

பிறகு ஒரு தடவை முகம் ஊதிப்போய்விட்டது. நான்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ரத்தம் பார்த்தார்கள். டாக்டர் ஒரு மலையாளிப் பெண், வயது குறைவு, நல்ல மாதிரியாகப் பேசினார். யூரிக் ஆசிட் ரொம்பக் கூடியிருக்கிறது, வலி மாத்திரையால் கிட்னி கெட ஆரம்பித்துவிட்டது என்றார்.

"வேதனைக்குள்ள குளிக இனி வேண்டா, கேட்டோ. இது திவசமும் கழிக்கணும்."

வலி மாத்திரைக்குப் பதிலாக ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. அதன் பெயர் என் வாயில் நுழையாது. வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் சாப்பிட வேண்டும், ஆயுசு முழுக்க. அதோடு இன்னொன்றும் சொன்னார். உடம்பில் சிவப்புத் தடிப்பு வந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாய் புண்ணானாலோ அந்த நிமிஷமே நிறுத்திவிட்டு ஓடிவர வேண்டும். அபூர்வமாகத்தான் வரும், வந்தால் உயிருக்கே ஆபத்து. "பேடிக்கண்டா", பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார். முதல் சில மாதங்களில் கால் வலி கூடினாலும் கூடும், அதற்கு வேறு மாத்திரை தருகிறேன், இதை மட்டும் விடக் கூடாது என்றும் சொன்னார். எல்லாவற்றையும் நான் கேட்டேன். சத்தியநேசன் கேட்கவில்லை. சிவப்புத் தடிப்பு என்ற இடத்திலேயே அவர் காது நின்றுவிட்டது.

வெளியே வந்து ஆட்டோவுக்கு நின்றபோது கேட்டார்:

"எடே நெல்லையப்பா, எனக்க முதுகு இப்போ என்ன நெறம்?"

"வத்தல் நெறம்."

"களியாக்காதடே."

"களியாக்கலவே. நம்ம எல்லாருக்கும் அதுதான் நெறம். என் முதுகையும் காட்டவா?"

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. வத்தல் மூட்டையைச் சுமக்கிறவன் தோள், பிடரி, முதுகு எல்லாமே சிவந்துதான் இருக்கும். காம்பு சாக்கைத் துளைத்துக்கொண்டு வந்து குத்தும். பொடி வேர்வையில் கரைந்து இறங்கும். சாயங்காலம் தேங்காய் எண்ணெய் தடவாமல் எங்களில் ஒருவனும் படுத்ததில்லை. இந்த முதுகில் வத்தல் எரிச்சல் எது, மாத்திரை போட்ட தடிப்பு எது என்று யார் கண்டுபிடிப்பது?

"ராகேல்ட்ட சொல்லாண்டாம்," என்றார் ஆட்டோவில். ராகேலின் தம்பி ஒரு ஊசி போட்ட கையோடு அவள் கண் முன்னாலேயே போய்ச் சேர்ந்தவன். அதிலிருந்து அவள் காய்ச்சல் மாத்திரையைக்கூட ஜெபம் பண்ணித்தான் கையில் எடுப்பாள். இது தெரிந்தால் மொத்தத்தையும் தூக்கி அடுப்பில் போட்டுவிடுவாள்.

"ஜெஸ்லின்ட்ட கேளும். நர்ஸுக்குத்தானே படிக்கா?"

"அவ புஸ்தகத்தைப் பாத்து அவளுக்க அம்மைட்ட சொல்லிருவா. நீ பாருடே. நீ போதும்."

அப்படித்தான் நான் மாட்டினேன்.

காலையில் கட்டன்சாயா குடிக்கும் முன்னாலேயே வந்து நின்றுவிடுவார். ஜன்னல் பக்கம் திரும்பி, சட்டையைக் கழுத்து வரைக்கும் தூக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொள்வார். எக்ஸ்ரே எடுக்க நிற்கிறவர் மாதிரி.

"வல்லதும் உண்டா?"

"நேத்து இருந்ததுதான் இருக்கு."

"இடப்பக்கம் கீழே அரிக்குது."

"கொசுவே அது."

"கொசுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"என்னையும்தானே கடிச்சிருக்கு. நான் எந்தக் குளிகையைத் தின்னேன்?"

அதற்குச் சிரிப்பார். ஆனால் சிரித்துக்கொண்டே கை போய் அந்த இடத்தைத் தடவிக்கொண்டிருக்கும்.

மாத்திரை ஆரம்பித்துக் கொஞ்ச நாளிலேயே கால் மறுபடி வீங்கிவிட்டது. டாக்டர் முன்கூட்டியே சொன்னதுதான். நான் சொல்லிப்பார்த்தேன். "விஷம்டே இது" என்று நிறுத்திவிட்டார். வீக்கம் வடிந்ததும் பயம் கிட்னி பக்கம் போனது, மறுபடி ஆரம்பித்தார். ஒரு லாரி லோடு இறக்கினோம், முதுகு சிவந்தது, மறுபடி நிறுத்தினார். சாப்பிட்டால் தோலை நினைத்துப் பயம், சாப்பிடாவிட்டால் காலை நினைத்துப் பயம். பாட்டு முனகுவது நின்றுபோயிற்று. கனமில்லாத மூட்டைக்கும் பாட்டு வரவில்லை.

அண்ணாச்சியிடம் போய், வேறு சரக்கு சுமக்கிற இடத்துக்கு மாற்றிவிடச் சொல்லிக் கேட்டார்.

"வத்தக் கடைக்கு வந்து நின்னுக்கிட்டு அரிசி மூட்டை கேக்கேரு?" என்றார் ஆறுமுகநயினார். "வேணும்னா கல்லாவுல உக்காரும், நான் போய் சொமக்கேன்."

அடுத்த தடவை டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். இப்படி நிறுத்தி நிறுத்திச் சாப்பிடுவது சாப்பிடாததைவிட மோசம், சாப்பிடுவதானால் ஒழுங்காகச் சாப்பிட வேண்டும் என்றார். அறைக்கு வந்து அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"இங்க பாரும்வே. முதுகைப் பாத்தாத்தானே கொழப்பம்? முதுகு வேண்டாம். வயிறு, விலா, தொடை, கையிடுக்கு. இங்கெல்லாம் மூட்டை படாது. வத்தல் பொடியும் அவ்வளவா எறங்காது. அங்க சிவந்தா சீக்கு, முதுகுல சிவந்தா வத்தல். வாயைத் தொறந்து காட்டும், போன் லைட்ல பாக்கேன். நான் பாத்து சரின்னு சொன்னா, என் கண்ணு முன்னாடி முழுங்கணும். சம்மதமா?"

சுவரை விட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"நீ தூங்கிப்போனா?"

"தட்டி எழுப்பும்."

அதற்குப் பிறகு ஒரு நாள்கூட விடாமல் சாப்பிட்டார். கால் ஒரு தடவை வீங்கியது. டாக்டர் கொடுத்த மற்ற மாத்திரையால் வயிறு போனது, கக்கூஸுக்கும் அறைக்குமாக நடந்தாரே தவிர வெள்ளை மாத்திரையை விடவில்லை. ஊருக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் குளிமுறியில் கண்ணாடி வைத்துத் தானே பார்த்துக்கொண்டு எனக்குப் போன் பண்ணுவார். "மூட்டை தொடாத இடம் செரியாட்டு இருக்கு" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவார். மெல்ல மெல்ல விரல் மெலிந்தது. செருப்பு ஏறியது. பழவங்காடி வரைக்கும் கையை வீசிக்கொண்டு நடந்துபோய் வந்ததாகச் சொன்னார். ஒரு மூட்டையை இறக்கும்போது பாட்டு கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடும் என்று எனக்கும் ஒரு பயம்.

ஓணத்துக்கு முன்னால் லோடு குவிகிற சமயம். காலையில் எழுந்தவர் சாயாவைத் தொடவில்லை.

"உதடு எரியுதுடே."

"நேத்து பூரா வத்தல் எறக்கினோம். எனக்கும்தான் எரியுது."

சொல்லிக்கொண்டே அவர் சட்டையைத் தூக்கினேன். விலாவுக்குக் கீழே, வயிற்றில், தொடையின் உள்பக்கம், எங்கெல்லாம் மூட்டை தொடாதோ அங்கெல்லாம் சிவப்பு. வத்தல் சிவப்பு தடித்து நிற்கும். இது தட்டையாக, நடுவில் கறுத்து, பழைய ரத்தக்கறை மாதிரி இருந்தது. கை வைத்தேன். உடம்பு கொதித்தது. வாயைத் திறக்கச் சொல்லி லைட் அடித்தேன். உள்ளே வெந்துபோய் இருந்தது.

நான் லைட்டை அணைத்தேன்.

"வத்தல்தானே?"

அவர் செருப்பை எடுத்து முன்னால் வைத்தேன்.

"வத்தல்ன்னு சொல்லுடே."

"இல்லவே. சட்டையைப் போடும். குளிகையைத் தொடாதேயும்."

கீழே லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அண்ணாச்சி வாசலில் நின்று, "லோடு கெடக்கு, ரெண்டு பேரும் எங்கடே கெளம்பிட்டிய?" என்று கத்தினார். சத்தியநேசன் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு அவரே ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினார். வழி முழுக்க சத்தியநேசன் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். பிடித்த இடம் பிறகு கன்றிப்போயிருந்தது. ஜெபம்கூடப் பண்ணவில்லை.

ஆஸ்பத்திரியில் பார்த்த உடனே உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அடுத்த நாட்களில் தோல் நனைந்த காகிதம் மாதிரி சில இடங்களில் உரிந்தது. வாயால் தண்ணீர் இறங்கவில்லை. உரியும் இடம் கூடாமல் இருக்க வேண்டும், கூடாமல் இருக்க வேண்டும் என்று நான் வராந்தாவில் உட்கார்ந்து, யாரைக் கும்பிடுவது என்று தெரியாமல் எல்லாரையும் கும்பிட்டேன். அந்தப் பெண் டாக்டர் வெளியே வந்து, "நேரத்தே வந்நது நன்னாயி" என்றார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்ல முடியாது என்றார். ராகேல் ஊரிலிருந்து வந்து, ஏதோ மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்ற அளவுக்குத் தெரிந்துகொண்டு, தலைமாட்டில் வேதபுஸ்தகத்தை வைத்துவிட்டு அழுதாள்.

பிழைத்தார். தோல் ஆறியது. ஆனால் மூட்டை தூக்குகிற உடம்பு போய்விட்டது. யூரிக் ஆசிட் மட்டும் போகவில்லை. டாக்டர் யோசித்து யோசித்து வேறு ஒரு மாத்திரை எழுதினார். இது வேறு ஜாதி, பழையதை இனி எக்காரணத்தாலும் தொடக் கூடாது, இதையும் கவனமாகப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிட வேண்டும் என்றார். சத்தியநேசன் ராகேலிடம் அதைச் சத்து மாத்திரை என்று சொல்லிவைத்தார்.

அந்தப் புது மாத்திரை அவரை ஒன்றும் செய்யவில்லை. கால் அதற்குப் பிறகு வீங்கவேயில்லை. சில வருஷம் கழித்து அவரைக் கொண்டுபோனது கிட்னி, அந்தப் பழைய வலி மாத்திரைகள் பார்த்த வேலை. நான் அவர் ஊருக்குப் போனபோது பெட்டியை மூடியிருந்தார்கள். ஆனால் இதெல்லாம் பின்னால் நடந்தது. அவரை ஊருக்கு அனுப்பிவைக்கத் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் நின்றபோது எங்களுக்கு இது ஒன்றும் தெரியாது. புது மாத்திரையை அவர் இன்னும் வாயில் போட்டிருக்கவில்லை. மறுநாள் காலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ராகேல் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். மாத்திரை அவள் மடியிலிருந்த பையில் இருந்தது. இவர் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றுகொண்டு என் கையைப் பிடித்தார். கை சில்லென்று இருந்தது.

"எடே, நாளைக்கு யாரு பாப்பா?"

"ராகேல் பாக்கட்டும். எங்கெங்க பாக்கணும்னு நீரே சொல்லும். சத்து குளிகைன்னு பொய் சொல்லி வச்சது நீருதானே?"

கண்டக்டர் விசிலை வாயில் வைத்துவிட்டான். அவர் ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நான் சொன்னா நடுங்கிருவேன்டே. அவளும் நடுங்கி அதைத் தூர எறிஞ்சிருவா. உனக்க வாயில எது வந்தாலும் ஏசுதது மாதிரிதான் இருக்கும், கேட்டா அவளுக்குப் பேடி வராது. ஜன்னல் பக்கம் போ. மூட்டை தொடாத இடம் எதுன்னு அவளுக்கு நீ சொல்லிக் குடு."