லோர்னாவின் பீப்பாய் ஒழுகிய நாட்கள்

சான் டியாகோ நகரத்துக் குடிநீரைச் சோதிக்கும் கூடத்தில் லோர்னா டீகுக்கு இருபத்தாறு வருட வேலை. யார் வீட்டுக் குழாயில் எது எவ்வளவு கலந்து வருகிறது என்று தசம புள்ளியோடு சொல்வாள். நகரத்தை ஒட்டிய லெமன் குரோவில் அவள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி என் வீடு. நான் பிளம்பர். கசிவு கண்டுபிடிப்பதில் முப்பது வருட அனுபவம் என்று வண்டியில் எழுதி வைத்திருக்கிறேன். இதைப் படித்து முடித்ததும் அதை அழிக்கச் சொல்வீர்கள்.

நாங்கள் இருவரும் வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் சங்கத்தில் இருக்கிறோம். மொத்தம் பன்னிரண்டு பேர். மாதத்தில் ஒரு ஞாயிறு மதியம் ரூடி ஒகாம்போவின் காரேஜில் கூடி, ஒருவர் காய்ச்சியதை இன்னொருவர் குடித்துவிட்டு முகத்துக்கு நேரே குறை சொல்வோம். அதற்காகத்தான் சங்கமே.

லோர்னா காய்ச்சுவது ஒன்றே ஒன்று. வறண்ட ஐ.பி.ஏ., கசப்பு தூக்கலான பீர். நாக்கில் இனிப்பு ஒட்டவே கூடாது. முதலில் கசப்பு, பிறகு பப்ளிமாஸ் தோலும் பைன் மரப் பிசினும் கலந்த ஹாப்ஸ் பூவின் வாசனை, அவ்வளவுதான். ஒருமுறை ரூடி, "கொஞ்சம் இனிப்பு இருந்தா நல்லாருக்கும் லோர்னா" என்று சொல்லிவிட்டான். "இனிப்பு வேணும்னா கடையில போய் சோடா வாங்கிக் குடி. என் பீர்கிட்ட வராத" என்றாள். நூற்று நாற்பத்துச் சொச்சம் தடவை காய்ச்சியிருக்கிறாள். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு பக்கம் உண்டு. முதல் கிளாஸ் எப்போதும் அவள் கணவன் வெண்டலுக்கு. அவன் கண்ணை மூடி ஒரு வாய் குடித்து, "போன தடவைய விட நல்லாருக்கு" என்றோ "போன தடவைதான்" என்றோ சொல்வான். அந்தத் தீர்ப்புக்கு மேல் அவளுக்கு அப்பீல் கிடையாது.

போன வசந்தத்தில் அவர்கள் காரேஜில் இருந்த பீப்பாய் ஒழுக ஆரம்பித்தது. ஒன்றரை மாதம் வர வேண்டிய பீர் இரண்டே வாரத்தில் தீர்ந்தது. பீப்பாய் வைத்த குளிர்பெட்டிக்குள் தேங்கியிருந்ததைக் காலையில் துடைத்துவிட்டதாக வெண்டல் சொன்னான். நனைந்த துணி கைப்பிடியில் தொங்கும். நாங்கள் மற்ற பதினோரு பேரும் பதின்மூன்று யோசனை சொன்னோம். ரப்பர் வளையத்தை மாற்று என்றான் ஒருவன். மாற்றினாள். குழாயை மாற்று என்றான் இன்னொருவன். அதையும் மாற்றினாள். நான் என் பெட்டியோடு போய் ஒரு சனிக்கிழமை முழுக்க மண்டியிட்டு உட்கார்ந்தேன். வெண்டல் பக்கத்தில் நின்று இணைப்புகளின் மேல் சோப்புத் தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்தான். எங்காவது நுரை கிளம்புகிறதா என்று இருவரும் உற்று உற்றுப் பார்த்தோம். "விடாத, எங்கயோதான் இருக்கு" என்று எனக்கு உற்சாகம் வேறு சொன்னான்.

லோர்னா விடுகிறவள் இல்லை. குளியலறைத் தராசை எடுத்துவந்து பீப்பாய்க்கு அடியில் வைத்தாள். வேலைக்குப் போகும்போதும் திரும்பி வந்ததும் எடையை எழுதினாள். இரண்டு வாரம் எழுதிய தாளை ரூடியின் காரேஜுக்குக் கொண்டுவந்து மேசையில் விரித்தாள்.

"இதப் பாருங்க. ராத்திரியில ஒரு சொட்டு எறங்கல. பகல்லதான் எறங்குது. அதுவும் தெனமும் இல்ல. திங்கள் ஆறு பவுண்டு. செவ்வாய் ஒண்ணும் இல்ல. புதன் ஆறு. வியாழன் ஒண்ணும் இல்ல. வெள்ளி ஏழு. காரேஜ் சூட்டுல ரப்பர் விரியுதோன்னு பாத்தேன். செவ்வாய்க்கிழமையும் அதே சூடுதான். எனக்குப் புரியல."

எங்களுக்குப் புரிந்தது. குனிந்து பார்த்த அத்தனை தலையும் அப்படியே நின்றது. யாராவது வாயைத் திறக்கட்டும் என்று நான் ரூடியைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். கடைசியில் பாவம், அவன்தான் சொன்னான்.

"லோர்னா... செவ்வாயும் வியாழனும் வெண்டல் டைல்ஸ் கடைக்கு வேலைக்குப் போற நாள்."

அவள் தாளை இன்னொரு தடவை மேலிருந்து கீழாகப் படித்தாள். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தாள்.

"அப்ப ரப்பர் வளையம் நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

அழுவாள், கத்துவாள் என்று நாங்கள் பயந்தோம். அவளோ அன்று வந்திருந்த பீர் எல்லாவற்றையும் ருசி பார்த்து எல்லாவற்றிலும் குறை சொல்லிவிட்டுத்தான் போனாள். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

வெண்டல் மறுக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை எஸ்கொண்டிடோ பக்கம் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் அவனைச் சேர்த்தார்கள். நான்கு வாரம். என் வண்டியில்தான் போனோம். இறங்கும்போது அவன் அவள் கையைப் பிடித்தான். கையைக் கொடுத்தாள், அவ்வளவுதான். திரும்பி வரும்போது நான் கேட்டேன்.

"நீ ஒண்ணும் சொல்லலியே அவன்கிட்ட?"

"என்ன சொல்ல? அவன் குடிச்சது கூடப் பரவால்ல. தொடைக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லாதப்ப துணிய நனைச்சு மாட்டி வச்சிருக்கான் பாரு. அதுக்கு என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல." கொஞ்ச தூரம் போனதும், "கோவமும் வரல. மரத்துப் போன மாதிரி இருக்கு" என்றாள்.

இல்லத்தில் சொல்லி அனுப்பிய விதி ஒன்றுதான். அவன் திரும்பும்போது வீட்டில் ஒரு சொட்டு மது இருக்கக் கூடாது. ஆனால் அந்த எடைத் தாளை எங்களிடம் விரித்ததற்கு முந்தின நாள் அவள் ஐந்து கேலன் காய்ச்சி நொதிக்க விட்டிருந்தாள். அது தன் பாட்டுக்குப் பொங்கிக்கொண்டிருந்தது. அவளும் தன் பாட்டுக்கு வேலை செய்தாள். நாள் வந்ததும் ஹாப்ஸைப் போட்டாள். நாள் வந்ததும் பீப்பாயில் ஏற்றிக் குளிரில் வைத்தாள். குடிக்கவில்லை. கொட்டவுமில்லை.

"எங்கிட்ட குடுத்துடு. பாத்திரம், பீப்பாய் எல்லாத்தையும் எங்க காரேஜுல வச்சுக்க. இனிமே இங்கயே வந்து காய்ச்சு" என்று ரூடி மூன்று தடவை கூப்பிட்டான். பார்க்கலாம் என்றாள். நல்ல ஐ.பி.ஏ.வைப் பூட்டி வைக்க முடியாது. வாசனை ஒன்றரை மாதம் தாங்கினால் பெரிது. வெண்டல் சனிக்கிழமை வருகிறான். செவ்வாய்க்கிழமை வரைக்கும் பீப்பாய் இருந்த இடத்திலேயே இருந்தது. புதன்கிழமை போய்ப் பார்த்தேன், இருந்தது. வியாழன், அப்போதும் இருந்தது. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"உனக்குப் புருஷன் வேணுமா, பீர் வேணுமா? ஒண்ணச் சொல்லு" என்றேன்.

"அதத்தான் நாலு நாளா யோசிக்கிறேன்" என்றாள். அவள் விளையாடவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் அவளே கூப்பிட்டாள். போனபோது பீப்பாயைக் காரேஜ் வாசலுக்கு உருட்டி வந்திருந்தாள். ஒரு கிளாஸில் கொஞ்சம் பிடித்து முகர்ந்து, ஒரு வாய் குடித்து, மீதியை என்னிடம் நீட்டினாள். இந்தச் சங்கத்தில் பதினான்கு வருடமாகக் குடிக்கிறேன். அப்படி ஒரு பீரை நான் குடித்ததில்லை. வறண்டு, கசந்து, வாசனை மூக்கை விட்டு இறங்காமல் நின்றது. குறை சொல்லத் தேடினேன். கிடைக்கவில்லை.

"தெரியும்" என்றாள், நான் வாயைத் திறக்கும் முன்பே. பிறகு மூடியைக் கழற்றிப் பீப்பாயைச் சாய்த்தாள். ஐந்து கேலனும் வாசல் சரிவில் ஓடித் தெருச் சாக்கடையில் விழுந்து தீரும் வரை இருவரும் நின்று பார்த்தோம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் அழுதேன். அவள் தண்ணீர் பிடித்துத் தரையைக் கழுவினாள். பாத்திரம் பண்டமெல்லாம் ரூடியின் வண்டியில் ஏறிப் போயிற்று.

சனிக்கிழமை வெண்டலை அழைத்து வந்தோம். இளைத்திருந்தான். வீட்டுக்குள் போகாமல் நேரே காரேஜுக்குப் போய் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"கடைசியா ஒண்ணு போட்டிருந்தியே, எங்க?"

"கொட்டிட்டேன்."

"முழுசுமா? ஏன் லோர்னா? ரூடிகிட்ட குடுத்திருக்கலாமே. எல்லாரும் குடிச்சிருப்பாங்களே."

"குடிச்சிருப்பாங்க. குடிச்சிட்டு, நீ பண்ணினதுலயே இதான் நல்லதுன்னு ஒருத்தர் விடாம எங்கிட்ட வந்து சொல்லியிருப்பாங்க. அத ரெண்டு பேர் சொல்லிக் கேட்டிருந்தா போதும், உன்ன வெறுத்திருப்பேன்."

வெண்டல் அவளை ஏறிட்டுப் பார்த்தான்.

"இப்ப வெறுக்கலியா?"

"இப்ப எனக்கு ஒண்ணுமே தோணல, வெண்டல். தோணறப்ப சொல்றேன். அதுவரைக்கும் இரு."

அவன் தலையாட்டினான். இருவரும் உள்ளே போனார்கள். அவனுடைய பையை நான்தான் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.