வாய் விறைத்திருந்த அரை மணி நேரம்

பேக்கரியில் பாணுக்கு விடியற்காலையிலேயே வரிசையில் நின்ற எழுபதுகளில் எனக்கு ஒரு கடைவாய்ப் பல் போனது. அப்போது நான் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், ஐந்தாம் வகுப்பு வரை மட்டுமே இருந்த பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்தேன். கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. கணவருக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை.

வலிப்பது பல் என்றே முதல் நான்கு நாட்கள் எனக்குத் தெரியாது. வலது காதுதான் குடைந்துகொண்டிருந்தது. எண்ணெயைச் சூடாக்கிக் காதில் விட்டேன், வலி குறையவில்லை. ஐந்தாம் நாள் வறுத்த சோளம் ஒரு வாய் கடித்தபோது கீழ் வரிசையில், கடைசிக்கு முந்திய பல்லிலிருந்து ஒரு வலி எழும்பி நேரே காதுக்குப் போனது. அப்போதுதான் விஷயம் புரிந்தது. வலித்ததைவிட, இத்தனை நாளும் என் உடம்பு எனக்குத் தவறான இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தது எப்படி என்பதுதான் மனதில் நின்றது.

தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்தவர் வாயைத் திறக்கச் சொல்லி டோர்ச் அடித்துப் பார்த்தார்.

"இது நம்ம கையில ஆகாது டீச்சர். உள்ளுக்கெல்லாம் சொத்தையாப் போச்சு. பதுளை ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதித் தர்றேன், போய்க் காட்டிருங்க."

மறுநாள் கணவரும் லீவு போட்டுவிட்டு வந்தார். பாதையின் பள்ளம் ஒவ்வொன்றும் பஸ்ஸுக்குத் தெரியும் முன்னே என் பல்லுக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் பல் பார்க்கும் அறைக்கு முன்னால் உட்கார நீளமான வாங்கு. என் முறை வந்ததும் கணவர் எழுந்திருக்கவில்லை.

"நீ போயிட்டு வா. ரத்தத்தைப் பார்த்தா எனக்கு ஒரு மாதிரி வந்துரும்."

"என் வாய்க்குள்ள வர்ற ரத்தம் உங்களுக்கு எப்படித் தெரியப் போகுது?"

"நெனச்சாலே போதும்," என்றார்.

பல் பிடுங்குகிறவர் என்றால் தோள் அகன்ற ஒரு ஆணைத்தான் நான் எதிர்பார்த்திருந்தேன். உள்ளே இருந்தவர் மெலிந்த ஒரு சிங்களப் பெண். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். வட்டக் கண்ணாடி, இறுக்கிப் போட்ட கொண்டை. என் சிங்களம் பஸ்ஸில் ஏறி இறங்கவும் கடையில் சாமான் வாங்கவும் மட்டும் போதுமானது. அதனால் இருவரும் ஆங்கிலத்தில் பேசினோம். என் ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில் படித்தது. எழுதச் சொன்னால் எழுதுவேன், பேசுவதற்கு யோசிக்க வேண்டும்.

ஊசி போட்டுவிட்டுப் பத்து நிமிடம் பொறுக்கச் சொன்னார். கீழுதட்டின் வலது பாதி மெல்ல மெல்ல என்னை விட்டுப் போனது. விரலால் தொட்டுப் பார்த்தேன். விரலுக்கு உதடு தெரிந்தது, உதட்டுக்கு விரல் தெரியவில்லை. நாக்கில் பாதியும் அப்படியே. திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததை டொக்டர் கவனித்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் கேட்கத் துணிந்தேன். பல் கெட்டுப்போனதற்குக் காது ஏன் வலித்தது?

அவர் ஒரு கடதாசியில் தாடையை வரைந்து, பல்லுக்கும் காதுக்கும் போகும் நரம்புகள் மேலே ஓரிடத்தில் சேர்வதைக் கோடு போட்டுக் காட்டினார். வரிசை வீடுகளான லயத்தில் பிள்ளையொன்று வீரிட்டு அழுதால் எந்தக் காம்பராவில் என்று சட்டென்று சொல்ல முடியாதல்லவா, அந்த மாதிரி என்று நான் விளங்கிக்கொண்டேன்.

பிறகு பல் பிடுங்கும் குறடொன்றைக் கையில் எடுத்தார். கண்ணை மூடிக்கொள்ளலாம் என்றார். நான் மூடவில்லை. அவருடைய கண்ணாடியின் இரண்டு வட்டங்களிலும் என் வாய் சின்னதாகத் தெரிந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பல்லைப் பிடுங்குவது என்று எல்லோரும் சொல்கிறோம். அவர் பிடுங்கவே இல்லை. பல்லைப் பிடித்து உள்பக்கம் ஒரு அழுத்து, வெளிப்பக்கம் ஒரு அழுத்து, மறுபடி உள்பக்கம் என்று அவசரமில்லாமல் அசைத்துக்கொண்டே இருந்தார். வேலியில் இறுகிப்போன கம்பைத் தளர்த்துவதுபோல. வலி கொஞ்சமும் இல்லை, ஆனால் நறநறவென்ற சத்தம் மண்டைக்குள்ளே கேட்டது. கடைசியில் பல் தானாகவே வந்துவிட்டது.

பார்க்க வேண்டும் என்று கை நீட்டினேன். கழுவி உள்ளங்கையில் வைத்தார். கண்ணாடியில் நான் தினமும் பார்த்தது பல்லில் பாதிகூட இல்லை. அதற்குக் கீழே கவட்டைக் கம்புபோல இரண்டு வேர்கள். மேலே ஊசிமுனை அளவு கறுப்புப் புள்ளி. பக்கவாட்டில் உடைந்திருந்த இடத்தில் பார்த்தால் உள்ளே பெரிய குகை. பஞ்சை மடித்து வாயில் வைத்துவிட்டு, அரை மணி நேரம் கடித்துக்கொண்டிரு, பேசாதே என்றார். பல்லைக் கடதாசியில் சுற்றித் தந்தார்.

நான் எழுந்திருக்கும்போதே அடுத்தவர் உள்ளே வந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும், தலையோடு சேர்த்துக் காதை மூடித் துண்டு கட்டியிருந்த ஒரு அம்மா. பசறைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர் என்பது பிறகு தெரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்ததும் இடது கன்னத்தைக் காட்டினார்.

"இந்தப் பக்கத்துப் பல்லைப் புடுங்கிருங்கம்மா. எதா இருந்தாலும் சரி, புடுங்கிருங்க."

டொக்டர் அந்தப் பக்கத்துப் பற்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். எதைத் தட்டியும் அந்த அம்மா முகம் சுளிக்கவில்லை. சிங்களத்தில் ஏதோ கேட்டார். "புடுங்கிருங்க" என்பதுதான் மறுபடியும் பதில். தமிழ் தெரிந்த பணியாள் அன்றைக்கு லீவாம். டொக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பஞ்சு கடித்திருந்த வாயைக் காட்டினேன். அவரே பேசாதே என்று சொன்னது நினைவுக்கு வந்து சிரித்துவிட்டார்.

என் பையில் கொப்பியும் பேனாவும் இருந்தன. டொக்டர் கேள்வியை ஆங்கிலத்தில் சொல்ல, அதைத் தமிழில் எழுதி அந்த அம்மாவிடம் நீட்டினேன்.

"எனக்கு எழுத்துத் தெரியாது தாயி," என்றார்.

அப்போதுதான் கணவர் ஞாபகம் வந்தது. வெளியே போனேன். வாயோரம் சிவந்திருந்த என்னைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. 'உள்ளே வாங்க. நான் எழுதுறதை வாசிக்கணும். ரத்தம் ஒன்றும் இல்லை' என்று எழுதிக் காட்டினேன். கடைசி வரி பொய். அவர் உள்ளே வந்து, சுவரில் தொங்கிய கலண்டரிலும் என் கொப்பியிலும் மட்டும் கண்ணை வைத்துக்கொண்டு நின்றார்.

டொக்டர் ஆங்கிலத்தில் கேட்டார், நான் தமிழில் எழுதினேன், கணவர் வாசித்தார்.

"எவ்வளவு காலமாக வலி இருக்கிறது?"

"என்ன தம்பி, புத்தகம் வாசிக்கிற மாதிரிக் கேக்குற?"

"புத்தகம்தானேக்கா, டீச்சர் எழுதுனது," என்றவர், "எப்ப இருந்து வலிக்குது?" என்று மறுபடி கேட்டார்.

"தை மாசத்துப் பனியில இருந்து. மூணு மாசமாச்சு."

"சாப்பிடுறப்ப வலிக்குதா?"

"சாப்பிடுறப்ப இல்ல. ஒருக்களிச்சுப் படுத்தாத்தான் தெறிக்கும்."

இதை நான் ஆங்கிலத்தில் எழுதிக் காட்ட, டொக்டர் தலையைச் சாய்த்து யோசித்தார். பிறகு கணவரைச் சைகையால் நாற்காலியின் இடது பக்கம் போய் நிற்கச் சொல்லி, ஒரு கேள்வி சொன்னார். எழுதிக் கொடுத்தேன்.

"காது நல்லாக் கேக்குதாக்கா?"

அந்த அம்மா முகத்தை முழுவதுமாகத் திருப்பி வலது காதை அவர் பக்கம் கொண்டுவந்தார். "என்ன?"

டொக்டருக்கு அதற்கு மேல் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. துண்டை அவிழ்க்கச் சொல்லிக் காதுக்குள் வெளிச்சம் பிடித்துப் பார்த்தார். ஒரு காகிதத்தில் எழுதி, காது பார்க்கும் இடத்துக்குப் போகச் சொன்னார். அந்த அம்மாவுக்குக் கோபம்.

"பல்லைப் புடுங்க வந்தவளை வேற எங்கயோ போகச் சொல்றாங்களே. இருட்டோட பொறப்பட்டு வந்திருக்கேன்."

கணவர் இந்தத் தடவை என் கொப்பியைப் பார்க்காமல் பேசினார். "பல்லு நல்லா இருக்காம்க்கா. நல்ல பல்லை எதுக்குக் குடுத்துட்டுப் போறீங்க? வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்."

அந்த அம்மா டொக்டரையும் குறட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து கணவருக்குப் பின்னால் நடந்தார். டொக்டர் என் தோளைத் தட்டி, பஞ்சை இன்னும் பத்து நிமிடம் கடித்திருக்கச் சொன்னார். அப்படியானால் காது அடைத்தாலும் பல் வலிக்கலாம் என்று நினைத்து, அவர் எனக்கு வரைந்து காட்டிய படத்தை நான் தலைகீழாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் மடுல்சீமை பஸ்ஸில் நாங்கள் உட்கார்ந்திருந்தபோது அந்த அம்மாவும் ஏறினார். தலையில் துண்டு இல்லை. எங்கள் முன் இருக்கையில் உட்கார்ந்து திரும்பினார்.

"தம்பி, காதுல பனிக்கு வச்ச பஞ்சாம். கொழுந்துக்குப் போறப்ப குளிருதுன்னு எண்ணெயில நனைச்சு வச்சேன். அது உள்ளுக்குப் போய்க் கறுத்துக் கெடந்திருக்கு. நான் எடுத்துட்டேன்னுல்ல நெனச்சேன்."

"இப்பக் கேக்குதாக்கா?"

"பஸ்ஸு இவ்வளவு சத்தம் போடும்னு மறந்தே போச்சு," என்றார்.

என் பல்லைப் பார்க்கக் கேட்டார். கடதாசியைப் பிரித்துக் காட்டினேன். விரல் நுனியால் வேரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதையா நான் சும்மா குடுக்க இருந்தேன்," என்று மெல்லச் சொன்னார். பசறையில் இறங்கும்போது கணவரிடம் தலையசைத்துவிட்டுப் போனார்.

பசறையைத் தாண்டியதும் உதடு ஊசி குத்துவதுபோல் உணர்வு பெற்றது. நாக்கு வந்தது. கூடவே வலியும் வந்தது. வீட்டுக்குப் போய் உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்தேன், மூன்று நாள் கஞ்சி குடித்தேன், நான்காம் நாள் பள்ளிக்கூடம் போனேன். பிள்ளைகளுக்கு முன்னால் பல்லை மேசையில் வைத்தேன். ஒரு சிறுமி, மரத்துக்கு வேர் இருந்தால் தண்ணீர் குடிக்கும், பல்லு என்ன குடிக்கும் டீச்சர் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை, தெரியாது என்றுதான் சொன்னேன்.

பல் இருந்த பள்ளத்துக்குள் நாக்கு போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. நாக்குக்கு அது ஒரு கிணறு. கண்ணாடியை எடுத்து வாயைத் திறந்து பார்த்தால் சோளமணி அளவுதான் இடம். நாக்கு சொல்வதை நம்புவதா, கண் சொல்வதை நம்புவதா என்று பல நாள் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஈறு மூடி வழவழப்பான பிறகும் நாக்குக்கு அந்த இடம் பெரிதாகவே இருந்தது.