காசின் விளிம்பைப் பார்த்த பர்வதம் மாமி

எங்கள் அயல்நாட்டு நாணய மன்றத்தின் செயற்குழு சென்ற மாதம் கூடி, மன்றத்தின் வரலாற்றில் மிக முக்கியமான முடிவு ஒன்றை எடுத்தது. மாதக் கூட்டத்தில் பருப்பு வடையை இனி நாணயங்களைப் பார்ப்பதற்கு முன்பு வழங்குவதில்லை. பார்த்து முடித்த பிறகே வழங்குவது. கிழக்கேகோட்டையில் நாங்கள் கூடும் ஹோட்டல் மாடிக்கு வடை சூடாக வருவது தொடக்கத்தில்தான் என்ற நடைமுறைச் சிக்கலைப் பொருளாளர் எடுத்துரைத்தார். எண்ணெய்க் கை பட்ட காசு என்ன ஆகும் என்பதைத் துணைத்தலைவர் எடுத்துரைத்தார். தலைவர் கண்களை மூடிக்கொண்டு இரு தரப்பையும் கேட்டார். தீர்மானம் நிறைவேறியது. பொருளாளர் தமது வருத்தத்தைப் பதிவு செய்தார்.

இந்தத் தீர்மானம் திருமதி பர்வதம் அவர்களுடையது. மன்றத்தில் சேர்ந்த நாள் முதல் ஒவ்வோர் ஆண்டும் அவர் அதைக் கொண்டுவருவார். ஒவ்வோர் ஆண்டும் நாங்கள் வடையைத் தின்றுகொண்டே அதை ஒத்திவைப்போம். வென்ற செய்தியை அவருக்குச் சொல்லும் பொறுப்பு, செயலாளன் என்ற முறையில் எனக்கு வந்தது. அங்கிருந்தே தொலைபேசியில் அழைத்தேன். அவர் மகள் எடுத்தார்.

“அம்மா காலம்பர போயிட்டா, அங்கிள். காபி குடிச்சா, டம்ளரைக் கீழே வச்சா, அவ்வளவுதான். ஆஸ்பத்திரி, டியூப்னு ஒண்ணும் இல்லை. அவளுக்கு அதுதான் பயம். நானே எல்லாருக்கும் கூப்பிடணும்னு இருந்தேன். நீங்க எதுக்குக் கூப்பிட்டேள்?”

வடையைப் பற்றி என்று சொல்ல வாய் வரவில்லை. சும்மாதான் என்றேன். துக்கம் வந்தது, அதற்குச் சற்று முன்பாகவே, ஆஸ்பத்திரி இல்லை என்ற ஆறுதல் வந்துவிட்டது. மாமி சம்பந்தப்பட்ட எல்லாவற்றிலும் அந்த வரிசைதான். அவரிடம் போய்வந்தவர்கள் அனைவரும் எதையோ இழந்து, நிம்மதியோடு திரும்பியவர்களே.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பர்வதம் மாமி கோட்டைக்குள் அக்ரஹாரத் தெரு ஒன்றில் பிறந்து, அதே தெருவில் வாழ்க்கைப்பட்டவர். ஒரு வங்கியின் அந்நியச் செலாவணிக் கவுன்டரில் வேலை பார்த்தார். வங்கி வெளிநாட்டு நோட்டை எடுக்கும், காசை எடுக்காது. வளைகுடாவிலிருந்து விடுப்பில் வருகிறவர்கள் நோட்டை மாற்றிய கையோடு பையில் கிடக்கும் சில்லறையையும் கவுன்டரில் கொட்டுவார்கள். மாமி அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, ஒருமுறை பார்த்து, அவர்கள் பக்கமே நகர்த்துவார். இப்படித் திருப்பிக் கொடுத்தே உலகத்துக் காசையெல்லாம் அவர் படித்து முடித்தார். வேலை நேரத்தில், சம்பளத்தோடு, உயர்கல்வி பெற்ற வங்கி அதிகாரி எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

வித்துராவிலிருந்து வந்த ஒருவர் ஓமன் காசுகளைத் திரும்ப வாங்க மனமில்லாமல் மலையாளத்தில் கேட்டாராம்: “இதும் பைசா அல்லே, மாடம்?”

“அவிடே பைசா. இவிடே வெறும் வட்டம்” என்றாராம் மாமி, அவரும் மலையாளத்திலேயே.

ஓய்வு பெற்ற பிறகு மாமி எங்கள் மன்றத்துக்கு வந்தார். கையில் ஒரு துண்டு, உருப்பெருக்கிக் கண்ணாடி, நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போன்ற சிறிய மின் தராசு. துண்டை மேசைமேல் விரித்து, அதன்மேல்தான் காசை வைக்கச் சொல்வார். கீழே விழுந்தால் அடிபடக் கூடாது. காசைக் கையில் எடுத்தால் முகப்பைப் பார்க்க மாட்டார். விரல் நுனிகளால் ஓரத்தைப் பிடித்து, மெதுவாகச் சுழற்றி, விளிம்பைப் பார்ப்பார். வார்ப்பில் செய்த போலிக்கு விளிம்பில் மெல்லிய தையல்கோடு தெரியும் என்பார். “முகத்தைப் பார்த்தா எல்லாரும் ராஜாதான். விளிம்பைப் பாருங்கோ” என்பது அவர் வாக்கு.

அவர் வந்த ஓராண்டுக்குள் மன்றத்தின் சொத்து மதிப்பு பெருமளவு குறைந்தது. முதலில் போனது தலைவரின் டச்சுக் காசு. அடுத்தது துணைத்தலைவரின் டோக்கன். துளையும் எண்ணும் உள்ள பித்தளை வில்லை. மலைத் தோட்டம் ஒன்றில் கூலிக்குப் பதிலாகக் கொடுத்தது என்று நம்பி, அதைப் பற்றி அவர் பல ஆண்டுகளாக ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். மாமி துளையை மட்டும் பார்த்தார்.

“கூலி வில்லைன்னா மடியிலயும் பையிலயும் கிடந்திருக்கும். எழுத்து தேயும். இதுல எழுத்து அப்படியே இருக்கு, ஓட்டைதான் மேல்பக்கமா தேஞ்சிருக்கு. ஆணியில தொங்கியிருக்கு, சார். ஏதோ லாட்ஜ் சாவியோட வில்லை.”

துணைத்தலைவர் வில்லையை எடுத்துத் துளையைத் தடவிப் பார்த்தார். பிறகு, “அப்போ அந்தக் கட்டுரையை முடிக்க வேண்டாம், அல்லே?” என்று கேட்டார். அந்த முகத்தில் அத்தனை வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அன்று அவர் வீட்டுக்குப் போய் நெடுநாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கியதாக அவர் மனைவி சொன்னார்.

கழக்கூட்டம் என்ற ஊரில் மென்பொருள் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் சதுரமான மலேயா சென்ட் காசு ஒன்றைப் பஞ்சில் பொதிந்து கொண்டுவந்தார். அதை விற்று ஃப்ளாட் வாங்குவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

“மாமி, வீடியோவில பத்து லக்ஷம்னு சொல்றாங்க.”

“அப்படியா? அப்போ வீடியோ போட்டவருக்கே வித்துடுங்கோ.”

“அவர் வாங்க மாட்டேங்கிறார். ரெஜிஸ்ட்ரேஷனுக்கு முதல்ல நான் பணம் கட்டணுமாம்.”

“கட்டாதேள். இது எழுபது, எண்பது ரூபா போகும். நிம்மதியாப் போங்கோ.”

அந்த ‘நிம்மதியாப் போங்கோ’தான் அவருடைய மதிப்பீட்டுச் சான்றிதழ். வேறு எதையும் அவர் எழுதிக் கொடுத்ததில்லை, கட்டணமும் வாங்கியதில்லை.

இனி என் வீட்டுக் காசைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் மாமிக்கு அஞ்சலி எழுத எனக்கு உரிமையில்லை.

எங்கள் அப்பா சாலைக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். கப்பலில் வேலை பார்த்த ஒருவர் அவருக்குக் கொடுத்த காசு ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. ஒரு பக்கம் விக்டோரியா ராணி, மறுபக்கம் குதிரை வீரர். வீட்டில் அதற்கு ‘ராணி பவுன்’ என்று பெயர். அம்மா காலமான பிறகு அது என் வங்கி லாக்கரில் இருந்தது. சில ஆண்டுகள் கழித்து, அதை விற்றுப் பங்கிடலாம் என்று நானும் அண்ணனும் நகைக்கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் உரைத்துப் பார்த்துவிட்டுப் பித்தளை என்றார்.

அண்ணன் கடைக்காரரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். “அம்மா கையில பவுனா இருந்திச்சு. உன் லாக்கருக்குப் போயிப் பித்தளையாயிட்டு. நல்ல லாக்கருலே!”

அதன் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. அவர் மகளின் கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. கரமனையில் இருக்கும் அண்ணன், நடந்து வரும் தூரத்தில் இருக்கும் தம்பிக்கு, பெயருக்கு முன்னால் ‘திரு’ என்று போட்டு, தபால்தலை ஒட்டி அனுப்பியிருந்தார். போனேன். சொந்தக்காரர்கள் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு பவுன் இருந்தது.

நான் அந்தக் காசை மாமியிடம் கொண்டுபோனபோது அவர் தொட மறுத்தார். “இது ரெண்டு பேரோடது. ரெண்டு பேரும் வரணும்” என்று சொல்லி அண்ணனைத் தாமே தொலைபேசியில் அழைத்தார். அண்ணன் வந்தார், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். இருவரும் கைகழுவினோம். காசு பார்த்து முடியும்வரை காபி கிடையாது என்று மாமி அறிவித்தார்.

விளிம்பைப் பார்த்தார். தராசில் வைத்தார். “பவுன்னா எட்டு கிராம் பக்கம் வரணும். இது அதுல பாதிகூட இல்லை” என்றார். பிறகு கண்ணாடியை அண்ணனிடம் கொடுத்தார்.

“குதிரைமேல இருக்கறவனைப் பாருங்கோ. சட்டை போட்டிருக்கான், கிரீடம் வேற. அசல் பவுன்ல அவன் உடம்புல துணி இருக்காது, தோள்ல ஒரு போர்வைதான். நம்ம கோயில் மாதிரி. சட்டை போட்டவாளுக்கு அங்கே பிரவேசம் இல்லை.”

விக்டோரியா பட்டத்துக்கு வந்தபோது ஹானோவரை ஆளப் போன அவருடைய சித்தப்பாவைக் கேலி செய்து இங்கிலாந்தில் அடித்த வில்லை அது என்றும், பிற்பாடு சீட்டாட்டத்தில் பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடினார்கள் என்றும் மாமி விளக்கினார். அண்ணன் துள்ளி எழுந்தார்.

“அதத்தானம்மா நானும் சொல்லுதேன்! இது பித்தளை. எங்க அம்மா வச்சிருந்தது பவுன். நடுவுல மாத்திட்டான், பாத்துக்கிடுங்க!”

என் கதை முடிந்தது என்று நினைத்தேன். மாமி வாதாடவில்லை. காசைத் துண்டின்மேல் வைத்துவிட்டு, பேச்சை மாற்றுகிறவரைப் போல் கேட்டார்: “உங்காத்துல விஷுவுக்குக் கணி வெப்பேளா?”

அண்ணன் முகம் மலர்ந்தது. விஷு விடியலில் கண் விழித்ததும் முதலில் பார்க்கும் கணி என்றால் அவர் வேறு மனிதர். “பொறவு? கொன்னைப்பூ, வெள்ளரிக்கா, கண்ணாடி, எல்லாம் உண்டு. நடுவுல இந்த ராணி பவுன்தான். மொத நாளு அம்மா விளக்கு, உருளியெல்லாம் தேய்க்கச்சே பவுன எங்கையிலதான் தருவா. இவன் சின்னப்பய, தொலைச்சிருவான்னு. நல்லா புளி போட்டுத் தேய்ச்சேன்னா அப்படி மின்னும்!”

“ஒவ்வொரு வருஷமுமா?”

“பின்னே? அடுத்த விஷுக்குள்ள பச்சை புடிச்சிரும்லா.”

“அம்மாவோட சங்கிலியையும் புளி போட்டுத் தேய்ப்பேளோ?”

“சங்கிலிய எதுக்குத் தேய்க்கணும்? அது தங்க...”

அண்ணன் நிறுத்தினார். அவர் காசைப் பார்த்தார், பிறகு தம் கட்டைவிரலைப் பார்த்தார். அந்தப் புளிக் கதையை நானும் சிறுவயது முதல் கேட்டு வந்திருக்கிறேன். ஒரு நாணய மன்றத்தின் செயலாளனுக்கு அதில் ஒன்றும் தோன்றியதில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

“யாரும் எதையும் எடுக்கலை. அப்பவும் இதேதான், இப்பவும் இதேதான். ரெண்டு பேரும் நிம்மதியாப் போங்கோ” என்றார் மாமி. பிறகு மதிப்பீட்டாளராக மாறிக் குரலைக் கடுமையாக்கிக்கொண்டார். “தேய்க்காம இருந்திருந்தா ஐந்நூறு ரூபா போகும். தேய்ச்சுத் தேய்ச்சு ராணிக்கு மூக்கே இல்லை. இப்போ நூறு. இனிமே புளிப் பக்கமே கொண்டுபோகாதேள்.”

காபி வந்தது. திரும்பும்போது இருவரும் ஒரே ஆட்டோவில் ஏறினோம். பழவங்காடி தாண்டியதும் அண்ணன் கேட்டார்: “எலே, அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்குமோ?”

“கடையில கடுகக்கூட நிறுத்துப் பாக்கிறவரு, அண்ணே.”

“அம்மாகிட்டச் சொல்லலியே!” என்றார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். ஆட்டோக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். காசை அண்ணனிடமே கொடுத்தேன். பேரனுக்குப் பெயர் வைக்கும் அழைப்பை அவர் நேரில் வந்து, தட்டில் வைத்துக் கொடுத்தார். உறையின்மேல் என் பெயருக்கு முன்னால் ‘திரு’ இல்லை.

மாமியின் இரங்கல் கூட்டத்தை விஷு கழிந்த ஞாயிறன்று நடத்தினோம். மேசைமேல் அவருடைய துண்டை அவர் மகள் விரித்தார். அதன்மேல் படத்தை வைத்தோம். யாரும் சொல்லிவைக்கவில்லை, ஆனால் வந்தவர்கள் ஒவ்வொருவரும் மாமி மதிப்பில்லை என்று சொன்ன காசைக் கொண்டுவந்து படத்தின் முன்னால் வைத்தார்கள். டச்சுக் காசு வந்தது. லாட்ஜ் சாவி வில்லை வந்தது. மலேயா சென்ட்டைக் கழக்கூட்டத்துக்காரர் இன்னும் விற்கவில்லை. எல்லாம் விளிம்பைப் பிடித்தே வைக்கப்பட்டன. தலைவர் நெடுநேரம் பேசினார். மன்றத்துக்கு மாமி ஏற்படுத்திய இழப்பு ஈடுசெய்ய முடியாதது என்றார். அதில் தவறு ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

உறுப்பினர் அல்லாத அண்ணனும் வந்திருந்தார். ராணி பவுனைத் துண்டின்மேல் வைத்தார். கணியிலிருந்து நேராக எடுத்து வந்திருக்கிறார், புளி படவில்லை. மூக்கில்லாத ராணியைச் சுற்றிப் பச்சை ஏறியிருந்தது. குதிரைக்காரரின் சட்டையும் பச்சையாகியிருந்தது. மாமி பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

மாமி, நீங்கள் எங்களிடமிருந்து எடுத்துவிட்ட செல்வங்களுக்கெல்லாம் நன்றி. எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது. நீங்களும் நிம்மதியாகப் போய் வாருங்கள்.

கூட்டம் முடிந்தபின், தீர்மானத்தின்படி, வடை வந்தது. ஆறியிருந்தது. நான் இரண்டாவது வடையில் இருக்கும்போது அண்ணன் பக்கத்தில் வந்து, காசை விளிம்பில் பிடித்து நீட்டினார்.

“அடுத்த விஷுவுக்கு உன் வீட்டுல வையி.”

என் கையெல்லாம் எண்ணெய். அண்ணன் காசை என் சட்டைப் பையில் போட்டார்.