பதக்கத்தில் வலப்பக்கம் பார்த்தவர்

திருகோணமலைத் துறைமுகக் கந்தோரின் வரைபட அறையில் கமலேஸ்வரி ஏழு வருடம் மற்றவர்கள் போட்ட கோட்டின் மேலேயே கோடு போட்டாள். ஐம்பத்தேழில் வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போன கையோடு வேலைக்குச் சேர்ந்தவள். காலை பஸ்சில் கப்பல்துறைக் கிராமத்திலிருந்து வருவாள். படவரைஞர்கள் பென்சிலால் போட்ட படத்தின் மேல் ஊடுதெரியும் துணியை விரித்து, மையால் பிரதி எடுப்பாள். அவள் எடுத்த பிரதியில் ஒரு மயிரிழை பிசகாது. ஆனால் தன் மனத்திலிருந்து ஒரு கோடு போட அவளுக்கு அதிகாரம் இல்லை.

படவரைஞர் பதவிக்கு இரண்டு முறை விண்ணப்பித்தாள். இரண்டு முறையும் பிரதம பொறியியலாளர் இராசதுரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ஒரே பதிலைச் சொன்னார்.

"பிரதி எடுக்கிறது வேறை, படம் போடுறது வேறை, பிள்ளை. அதுக்கு யோசிக்க வேணும்."

யோசிக்காமலா ஏழு வருடம் இருந்தேன் என்று கேட்க நா எழுந்தது. மூன்றாவது விண்ணப்பத்தை எழுதி மேசை லாச்சியை இழுத்து அதற்குள் வைத்தாள்.

அறுபத்துநாலில் கடலின் ஆழம் அளக்கும் ஓர் ஆராய்ச்சிக் கப்பல் வருவதாகத் தந்தி வந்தது. அதன் விஞ்ஞானிகளுக்கு ஒரு வெண்கலப் பதக்கம் கொடுக்க வேண்டுமென்று இராசதுரைக்கு ஆசை. இந்தக் குடாவை முதன்முதலில் ஈயக்குண்டு போட்டு அளந்த ஹெசல்மேர் என்ற ஒல்லாந்தரின் முகம் அதில் இருக்க வேண்டும். அந்த முகம் ஊரில் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. அலுமாரிக்குள் கிடந்த பழைய கடல் வரைபடத்தின் மூலையில், ஒரு படகுக் காட்சியில், பயற்றங்கொட்டை அளவில்.

"பெருப்பிச்சு ஒரு பிரதி எடும், போதும்," என்றார் இராசதுரை. "வார்க்கிறது அபூதாஹிர்."

கமலேஸ்வரி உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தாள். படகில் நாலு பேர். ஒருவன் ஈயக்குண்டை வீசுகிறான், ஒருவன் ஆழத்தை எழுதுகிறான், ஒருவன் துடுப்பை ஊன்றிப் பிடித்திருக்கிறான். பின்னால் இடப்பக்கம் பார்த்தபடி ஹெசல்மேர். கன்னத்தில் ஒரு வெட்டுத் தழும்பு, இடுப்பில் வாள். கட்டம் கட்டமாகப் பெருப்பித்து, துணியில் பென்சிலால் முடித்தாள். மை பிடிப்பதற்குச் சோக்குத்தூள் தட்ட வேண்டும். தட்டுவதற்குத் துணியைத் தூக்கியவள், தவறுதலாகப் பின்பக்கத்தைப் புரட்டிவிட்டாள். அப்படியே கை நின்றுவிட்டது.

புரட்டிய படத்தில் எழுதுகிறவன் வலக்கையால் எழுதினான். குண்டு வீசுகிறவன் வலக்கையால் வீசினான். வாள் இடப்பக்க இடுப்பில் தொங்கியது. திரும்பப் புரட்டினாள். எல்லாரும் இடக்கையர் ஆனார்கள்.

இது செப்புத் தகட்டில் வெட்டி அச்சடித்த வரைபடம். தகட்டில் வெட்டுகிறவன் எல்லாவற்றையும் திருப்பித்தான் வெட்ட வேண்டும். அச்சில் அது நேராகும். எழுத்தையும் கரையையும் கவனமாகத் திருப்பி வெட்டியவன், மூலைப் படத்தை மட்டும் கண்ணால் கண்டபடி நேரே வெட்டிவிட்டான். அப்படியென்றால் இருநூறு வருடமாக இந்த மனிதர் கண்ணாடியில் பார்ப்பதுபோலத்தான் இருந்திருக்கிறார்.

அவள் யாரிடமும் கேட்கவில்லை. புரட்டிய பக்கத்திலேயே மை இட்டு, வலப்பக்கம் பார்க்கும் முகத்தை வார்ப்புப் பட்டறைக்கு அனுப்பினாள்.

கிண்ணியாவிலிருந்து தினமும் தோணியில் வரும் அபூதாஹிர் அதைப் பார்த்துத் தேன்மெழுகில் முகத்தைச் செய்தான். இரண்டாம் நாள் மெழுகைப் பார்க்க வந்த தலைமைப் படவரைஞர் சோமசேகரம், பழைய வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்போடு இராசதுரையையும் கமலேஸ்வரியையும் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"பாருங்கோ சேர். துணியை மாறிப் புரட்டிப்போட்டா. முதல் மாசம் வாற பிள்ளையள் விடுற பிழை."

இராசதுரையின் முகம் கறுத்தது. "கப்பல் வர நாலு நாள் கிடக்கு. என்ன பிள்ளை இது?"

"பிழை இல்லை, சேர். தெரிஞ்சுதான் புரட்டினனான்."

கமலேஸ்வரி வரைபடத்தை விரித்து உருப்பெருக்கியை வைத்தாள்.

"வாள் எந்தப் பக்கம் எண்டு பாருங்கோ."

"இடக்கையனா இருந்திருப்பான்," என்றார் சோமசேகரம்.

"எழுதுறவரும் இடக்கை. ஈயக்குண்டு வீசுறவரும் இடக்கை. கோட்டில பொத்தானும் மற்றப் பக்கம். ஒல்லாந்தர் இடக்கையரை மட்டும் தெரிஞ்செடுத்தோ கப்பல்ல ஏத்தினவை, சேர்?"

அபூதாஹிர் களுக்கென்று சிரித்துவிட்டான். "புள்ள சொல்றது சரிதான் சேர். மண்ணுல நான் என்னத்த அழுத்தினாலும் குழி மறுபக்கமாத்தான் இரிக்கி. தகட்டுல வெட்டினவனுக்கும் அதே தொல்லைதான். அவன் மறந்துட்டான், நம்மட புள்ள மறக்கல்ல."

"அப்ப அந்தத் தழும்பு?" சோமசேகரம் விடவில்லை. "தகட்டில கீறலாயிருக்கும். அதையும் வைச்சிருக்கிறா."

"கீறல் எண்டால் தாடியையும் தாண்டிப் போயிருக்கும். இது தாடிக்குமேல நிக்குது."

இராசதுரை நெடுநேரம் உருப்பெருக்கியில் குனிந்திருந்தார். நிமிர்ந்தபோது அவர் குரல் தணிந்திருந்தது.

"பிழைச்சால் வெளிநாட்டு ஆக்களுக்கு முன்னால எனக்குத்தான் வெக்கம். பிறகு இந்தப் பதவிக் கதையை நீர் எடுக்கவே ஏலாது. விளங்குதோ?"

"ஓம், சேர்."

"அப்ப ஊத்து, அபூதாஹிர்."

அபூதாஹிர் நுணுக்கமெல்லாம் பதியவென்று கணவாய் மீனின் ஓட்டை அரைத்துச் சலித்து அச்சின் முகத்தில் பூசினான். குச்சவெளிக் கரையில் பொறுக்கி வந்த ஓடு. வெண்கலம் இறங்கி ஆறியதும் அச்சை உடைத்துத் தூரிகையால் மண்ணைத் தட்டினான். தாடியின் ஒவ்வொரு மயிரும் இருந்தது.

கப்பல் வந்தது. மேல்தளத்தில் தேநீர் விருந்து. நரைத்த தலையுள்ள ஒரு விஞ்ஞானி பதக்கத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். திடீரென உள்ளே போய்விட்டார். சோமசேகரம் தொண்டையைச் செருமினார். கமலேஸ்வரி கோப்பையைத் தட்டில் வைத்துவிட்டு அவர் போன கதவைப் பார்த்தாள்.

அவர் ஒரு தடித்த புத்தகத்தோடு திரும்பி வந்து, பழைய பதக்கங்களின் நிழற்படங்கள் இருந்த ஒரு பக்கத்தைத் திறந்தார். ஹெசல்மேர் உயிரோடிருந்தபோது அவருடைய ஊரில் அடித்த வெள்ளிப் பதக்கமாம். வலப்பக்கம் பார்க்கும் முகம். வலக் கன்னத்தில், தாடிக்கு மேலே, வெட்டுத் தழும்பு.

"இந்தப் படத்தை உங்களுக்கு அனுப்பியது யார்?" என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார்.

"யாரும் அனுப்பவில்லை," என்று கமலேஸ்வரியே ஆங்கிலத்தில் சொன்னாள். "வரைபடத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தேன்."

அவர் தளத்தில் நின்ற எல்லாரையும் கூப்பிட்டு, பதக்கத்தையும் புத்தகத்தையும் பக்கம் பக்கமாகப் பிடித்துக் காட்டினார். மாலுமிகள் கை தட்டினார்கள். இராசதுரை யாரையும் பார்க்காமல் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, "எங்கட கந்தோர்ப் பிள்ளை," என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

படகில் கரைக்குத் திரும்பும்போது அவர்தான் முதலில் வாய் திறந்தார்.

"மூண்டாம் விண்ணப்பம் எழுதினனீரோ?"

"லாச்சிக்குள்ள கிடக்கு, சேர்."

"நாளைக்குக் கொண்டுவாரும். திகதியை மட்டும் மாத்தும்."

பங்குனியில் நியமனக் கடிதம் வந்தது. மறுநாள் காலை சோமசேகரம் அறைக்குள் நுழைந்தபோது, யன்னலோர மேசையில் வெள்ளைக் கடதாசி நாலு மூலையிலும் ஊசி குத்தி விரிந்திருந்தது. கமலேஸ்வரி பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

"என்ன பிரதி?" என்றார் அவர் பழக்கதோஷத்தில்.

"பிரதி இல்லை, சேர். குச்சவெளி மீன்பிடிகாரருக்கு ஒரு இறங்குதளம்," என்று சொல்லிவிட்டு, அவள் முதல் கோட்டை இழுத்தாள்.