தரையைப் பார்த்துச் சாப்பிடுபவர்

எவாரிஸ்தோ கின்தானா கடை வாசலில் நின்று, தலையைக் குனிந்து, முதலில் தரையைப் பார்க்கிறார். கவுண்டருக்குக் கீழே, நின்று தின்றவர்கள் கசக்கிப் போட்ட டிஷ்யூ தாள்களும் இறால் ஓடுகளும் ஆலிவ் கொட்டைகளும் இறைந்து கிடந்தால் உள்ளே போவார். தரை பளிச்சென்று இருந்தால் அடுத்த கடை. "கீழ குப்பை இல்லேன்னா மேல கூட்டம் இல்லே. கூட்டம் இல்லாத கடையில நேத்து இறாலைத்தான் இன்னிக்குப் போடுவான்" என்பார்.

வயது அறுபத்து மூன்று. வீடு சமோராவில். லிஃப்டுகளைச் சோதித்துச் சான்று எழுதும் வேலை. நாளுக்கு ஓர் ஊர்: திங்கள் சலமான்கா, செவ்வாய் வயாதோலித், புதன் புர்கோஸ், வியாழன் லெயோன். வெள்ளியன்று மனைவி கையால் சாப்பாடு. அதைப் பற்றி அவர் கருத்துச் சொல்வதில்லை.

எந்த ஊரிலும் "நல்ல கடை எது?" என்று அவர் கேட்டதில்லை. "அப்படிக் கேட்டா ஒவ்வொருத்தனும் அவன் மச்சான் கடையைத்தான் சொல்லுவான். நேத்து எங்க சாப்பிட்டேன்னு கேக்கணும். அதுல பொய் சொல்ல எவனுக்கும் தோணாது." கட்டடக் காவலரை லிஃப்டுக்குள் ஏற்றிக்கொண்டு கேட்பார். ஆறாம் மாடி வருவதற்குள் பதில் கிடைத்துவிடும். வாசலில் உணவுப் படங்களை ஒட்டிய கடையைக் கண்டால் தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடுவார்.

உட்கார்ந்து சாப்பிடமாட்டார். கவுண்டரில், அடுக்களைக் கதவுக்குப் பக்கத்தில் நிற்பார். முதலில் உருளைக்கிழங்கு போட்ட முட்டை அடையில் ஒரு துண்டு மட்டும். முள்கரண்டியின் விளிம்பால் வெட்டுவார். நடுவில் முட்டை லேசாகக் கசிந்தால், பக்குவம் சரி என்று அடுத்த தட்டு சொல்வார். கசியாவிட்டால் நன்றி சொல்லிவிட்டு வெளியேறுவார்.

பச்சை அட்டை நோட்டில் கடைக்கு ஒரு வரி. "புர்கோஸ், ரயிலடி: பருப்பு நன்று, பேச்சு அதிகம்." இதுவரை நான்கு நோட்டுகள், 1,312 கடைகள். மறுபடி போகலாம் என்று அடிக்கோடு பெற்றவை நாற்பத்தொன்று. மற்றச் சோதனையாளர்களும் சரக்கு வண்டிக்காரர்களும் ஞாயிறு காலையில் தொலைபேசியில் கூப்பிட்டு இந்த நாற்பத்தொன்றைத்தான் விசாரிப்பார்கள். அவர் நோட்டில் பெயரை அடித்துவிட்ட கடைக்கு அவர்களும் போகமாட்டார்கள்.

கடந்த மார்ச் பன்னிரண்டு, செவ்வாய், மதியம் இரண்டு பத்துக்கு வயாதோலித்தில் சந்தைக்குப் பின்னால் இருக்கும் ஒப்துலியாவின் கடை வாசலில் நின்றார். பதினேழு வருஷமாக அடிக்கோட்டில் இருக்கும் கடை. குனிந்து பார்த்தார். தரையில் முகம் பார்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. கவுண்டருக்குக் கீழே புதிதாக இரண்டு தகரக் குப்பைக்கூடைகள். உள்ளே ஒரு வாடிக்கையாளர்கூட இல்லை. எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போய் நோட்டைத் திறந்து, கடையின் பெயர்மேல் பென்சிலை வைத்தார். பாதிப் பெயர் அடிபட்டிருக்கும், துடைப்பத்தோடு ஒப்துலியா தெருவைக் கடந்து வந்துவிட்டாள்.

"என்னய்யா லிஃப்டுக்காரரே! பதினேழு வருஷம் தின்னுட்டு, வாசல்லயே மோப்பம் பிடிச்சுட்டுப் போறீரு?"

"தரை காலியா இருக்கே, ஒப்துலியா. சமையல்காரி மாறிட்டாளோன்னு நினைச்சேன்."

"சமையல்காரி நான்தான். செத்துட்டேன்னு நினைச்சீரா?" துடைப்பத்தைக் கடைப்பக்கம் நீட்டினாள். உள்ளே, கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு அவள் கணவர் தீர்சோ உட்கார்ந்திருந்தார். "சனவரியில அந்த மனுஷன் இறால் ஓட்டை மிதிச்சு வழுக்கி இடுப்பை ஒடிச்சுக்கிட்டாரு. அன்னிலேருந்து கால்மணிக்கு ஒரு தரம் பெருக்கறேன். சுத்தமா வச்ச பாவம், எவனும் உள்ள வரமாட்டேங்கறான். எட்டிப் பாக்கறான், தரையைப் பாக்கறான், போயிடறான். உம்மை மாதிரியேதான். இப்படியே போனா ஈஸ்டரோட கதவைச் சாத்திட வேண்டியதுதான்."

"நான் வேணா தெருவுல போய் விழறேன்," என்று உள்ளிருந்து தீர்சோ குரல் கொடுத்தார். "நீ பழையபடி குப்பை போடவிடு."

"நீ வாயை மூடு. ஏற்கெனவே இடுப்புல மூணு ஆணி அடிச்சிருக்கு உனக்கு."

எவாரிஸ்தோ நோட்டை மூடிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். முட்டை அடை வந்தது. வெட்டினார். நடுவில் கசிந்தது. உப்பில் வாட்டிய இறால் ஒரு தட்டு சொன்னார். எட்டு இறால். எட்டு முறையும் முழங்கால் நோவக் குனிந்து, ஓட்டைக் கூடையில் போட்டார்.

"அடேயப்பா, மரியாதை!" என்றார் தீர்சோ.

அப்போது கட்டட வேலை உடுப்பில் இரண்டு பேர் வாசலில் வந்து நின்றார்கள். இரண்டு தலைகளும் குனிந்தன.

எவாரிஸ்தோ கவுண்டரிலிருந்த டிஷ்யூ தாளை உருவி விரல்களைத் துடைத்தார். இன்னொன்றை உருவி, ஏற்கெனவே காய்ந்துவிட்ட விரல்களை மறுபடி துடைத்தார். பிறகு மூன்றாவது, நான்காவது. எல்லாவற்றையும் கசக்கி எடுத்துக்கொண்டு, தீர்சோ நடக்கும் பக்கத்தை விட்டு விலகி, தெருவிலிருந்து கண்ணில் படும் இடத்தில் நின்று, ஒவ்வொன்றாகத் தரையில் விட்டார்.